லேசருக்குப் பின் கண் ஆறும் விதம்

வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, எனக்குப் பொன்னாடை போர்த்திய நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, இந்த அரங்கைத் தந்து தேநீருக்கும் ஏற்பாடு செய்த தலைமை ஆசிரியை அவர்களே, மழையைப் பாராமல் வந்திருக்கும் கண் மருத்துவர் அம்மா அவர்களே, வணக்கம். ஓய்வு பெற்ற மருந்தாளுநர் நான். அம்மாவை முன்வரிசையில் வைத்துக்கொண்டு கண்ணைப் பற்றிப் பேசக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்தான். தப்பாகச் சொன்னால் அங்கேயே கையைத் தூக்கிவிடுங்கள்.

மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். கண்ணாடி போடாமல் பார்க்க உதவும் லேசர் சிகிச்சை எப்படி வந்தது, அதில் செதுக்கிய கருவிழி (கண்ணின் முன்பக்கத்தில் இருக்கும் தெளிந்த படலம்) எப்படி ஆறுகிறது, பிள்ளைகளுக்கு எந்த வயதில் செய்யலாம். மூன்றுக்கும் ஒரே பழமொழி போதும்: பதறாத காரியம் சிதறாது.

ரங்கசாமி சீனிவாசன் 1929இல் சென்னையில் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர், அமெரிக்காவில் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1981 நவம்பரில் அங்கே நன்றி நவிலல் பண்டிகை. வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. நம் வீடாக இருந்தால் மிச்சக் கறி மறுநாள் சுண்டக் குழம்பாகியிருக்கும். இவர் அதை ஆய்வுக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போனார்! (சிரிப்பு) எக்ஸைமர் லேசரை அதன்மேல் காட்டினார். 193 நானோமீட்டர் புற ஊதா ஒளி. பட்ட இடம் மட்டும் செதுக்கினாற்போல் போயிருந்தது. சுற்றிலும் கருகலே இல்லை. உடன் வேலை செய்த வைன், பிளம் இருவருக்கும் அன்று எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அப்புறம் ஸ்டீபன் டிரோக்கல் என்ற கண் மருத்துவரோடு சேர்ந்து கருவிழியில் சோதித்து, 1983இல் கட்டுரை வெளியிட்டார்கள். 2013இல் ஒபாமா கையால் சீனிவாசன், வைன், பிளம் மூவருக்கும் தேசியப் பதக்கம். கைதட்டலாமே!

சரி, செதுக்கிய கண்ணுக்கு வருவோம். இந்தச் சிகிச்சையில் பி.ஆர்.கே. என்று ஒரு முறை. அதில் கருவிழியின் மேல்தோலை நீக்கிவிட்டுத்தான் லேசர் அடிப்பார்கள். அந்தத் தோல் மூன்று முதல் ஐந்து நாளில் மூடிக்கொள்ளும். மூடச் சொல்லி செல்களை ஏவும் புரதங்கள்தாம் வளர்ச்சிக் காரணிகள். அதில் ஒன்றான ஈ.ஜி.எஃப். நம் கண்ணீரிலேயே இருக்கிறது. அதைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹன், ஒரு சுரப்பிச் சாற்றை ஊசியில் ஏற்றிய எலிக்குஞ்சுகள் வழக்கத்தைவிட முன்பே கண் திறந்ததைக் கவனித்தார். 1986இல் நோபல் பரிசு.

டி.ஜி.எஃப். பீட்டா என்று இன்னொன்று. இதுவும் தேவைதான். ஆனால் அளவு மீறினால், பூச வந்த கொத்தனார் ஜன்னலையும் சேர்த்துப் பூசிவிட்ட கதைதான்: செல்கள் தழும்பு போடும் வகையாக மாறி, கருவிழி மங்கும். லேசிக் என்ற இன்னொரு லேசர் முறையில் மேல்தோல் பெரும்பாலும் அப்படியே இருப்பதால் இந்தத் தொல்லை குறைவு. மங்கலைத் தடுக்கத்தான் ஸ்டீராய்டு சொட்டு மருந்து தருகிறார்கள். அதையும் படிப்படியாகக் குறைத்து நிறுத்த வேண்டும். பதறாத காரியம் சிதறாது.

நான் எங்கே வருகிறேன் என்று பழைய நண்பர்களுக்குத் தெரிந்திருக்கும். கண் சிவந்தால் “போன தடவை எழுதிக் கொடுத்த அதே மருந்து” என்று பழைய டப்பாவைக் கடையில் நீட்டுகிறார்கள். சீட்டு கேட்காமல் எடுத்துத் தருகிறார்கள். இந்த ஸ்டீராய்டு சொட்டு மருந்தை மாதக்கணக்கில் கண்ணில் விட்டுவந்தால் சிலருக்குக் கண் அழுத்தம் ஏறும்; வலி தெரியாமலே பார்வை நரம்பு கெடும். கெட்ட நரம்பைத் திரும்பக் கொண்டுவர முடியாது. சட்டப்படி சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. கடைக்காரர் மட்டுமா குற்றவாளி? பதறிப் போய் வாங்குகிற நாமும்தான்.

பிள்ளைகள் விஷயத்துக்கு நேரமில்லை என்று தலைவர் கைக்கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை அம்மாவிடம் கேளுங்கள். வாசலில் ஒரு மேசை போட்டிருக்கிறோம். சீட்டில்லாமல் ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்பதைத் தடுக்கக் கோரும் மனு அங்கே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேநீர் குடிக்கப் போங்கள்.