அடங்கல்ல யாரு பேரு இருக்கு?

(டிசம்பர் 10 மனித உரிமை நாளுக்கு திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு கிராமத்து கூட்டத்துல நான் பேசுனது. பேசுன மாதிரியே எழுதியிருக்கேன், மழை சத்தத்துல சொல்லாம விட்டுப்போனத மட்டும் உள்ள சேர்த்திருக்கேன்.)

பின்னாடி நிக்கிறவங்க உள்ள வந்துருங்க, சாரல் அடிக்குது. அம்மாக்களே, அக்கா தங்கச்சிகளே, அண்ணன் தம்பிகளே, எல்லாருக்கும் வணக்கம்.

உங்க உடம்பு தான் இங்க உக்காந்திருக்கு, மனசு பூரா வயல்ல இருக்குன்னு தெரியும். நேத்து ராத்திரி பேஞ்ச மழையில கடைமடை பூரா தண்ணி. வடிகால்ல ஆகாயத்தாமரை மண்டி கிடக்கு, தண்ணி வடியவே வழியில்ல, சம்பா பயிரு முங்கி நுனி மட்டும் தான் தெரியுது. இன்னும் நாலு நாள் இப்படியே நின்னா அழுகிடும். நாளைக்கு கணக்கெடுக்க வருவாங்க, போட்டோ எடுப்பாங்க, நிவாரணம் அறிவிப்பாங்க, அதெல்லாம் நடக்கட்டும், நடக்கணும். ஆனா நான் இன்னைக்கு கேக்க வந்தது ஒரே கேள்வி தாங்க. அந்த நிவாரணம் யாரு பேருக்கு வரும்? நாத்து பறிச்சவங்க, நட்டவங்க, நகைய அடகு வச்சு உரம் வாங்கி போட்டவங்க பேருக்கு வருமா, இல்ல சிட்டாவுல, அதாவது நிலம் யாருக்கு சொந்தம்னு இருக்கிற கணக்குல, பேரு இருக்கே, சென்னையிலயோ பெங்களூர்லயோ இருக்காங்களே, அவங்க பேருக்கு வருமா?

எங்க வீட்டு கதைய சொல்றேன். எங்க அப்பா 12 மா குத்தகைக்கு சாகுபடி பண்ணாரு, அதாவது நாலு ஏக்கர். எங்க தாத்தா காலத்துலேர்ந்து அதே நிலம், அதே குடும்பத்துக்கு குத்தகை அளந்தோம். மாவுக்கு மூணு மூட்டை. விளையிறதே மாவுக்கு ஒம்போது மூட்டை தான், அதுல மூணு போயிரும். ஒரு துண்டு சீட்டு கிடையாது, ரசீது கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. 2016ல என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்ல வேணாம், காவேரியும் வரல, வடகிழக்கு பருவமழையும் பொய்ச்சு போச்சு, பயிரு வயல்லயே காஞ்சு மாட்டுக்கு கூட ஆகல. 2017 ஜனவரியில தமிழ்நாடு முழுக்க வறட்சின்னு அரசாங்கமே அறிவிச்சுது. நிவாரணம் வந்துச்சு. எங்க அப்பா பேருக்கு இல்ல, நிலத்துக்காரர் பேருக்கு. அவரு சென்னையில இருந்தாரு, அந்த வருசம் வயல் பக்கமே வரல.

அவரு கெட்டவரு இல்லீங்க, அத சொல்லியாகணும். பொங்கலுக்கு ஊருக்கு வந்தப்ப எங்க அப்பாவ கூப்பிட்டு அந்த பணத்துல பாதிய கையில குடுத்தாரு. எங்க அப்பா தோள்ல கெடந்த துண்ட எடுத்து கக்கத்துல வச்சுக்கிட்டு, குனிஞ்சு, ரெண்டு கையையும் எடுத்து கும்புட்டாரு. நான் வாசப்படியில நின்னு பாத்தேன். அது எங்க அப்பாவோட பணம். காஞ்சது எங்க அப்பா பயிரு, வட்டி ஏறுனது எங்க அம்மா தாலிக்கொடிக்கு. தன்னோட பணத்துல பாதிய வாங்கிட்டு அதுக்கு ஒரு மனுசன் கும்புடுறாரு. அன்னைக்கு எனக்கு வந்த ஆத்திரம் அந்த ஐயா மேல இல்ல, அந்த கும்புடு மேல. வறுமைன்னா கையில காசு இல்லாதது மட்டும்னு அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன். நமக்கு சேரவேண்டியத இன்னொருத்தரு மனசு வச்சா தான் நமக்கு கிடைக்கும்ங்கிற நிலைமை இருக்கு பாருங்க, அது தான் வறுமைன்னு அன்னைக்கு புரிஞ்சுது.

மனித உரிமைன்னா போலீஸ் ஸ்டேஷன்ல அடிக்கக்கூடாது, அது மட்டும் தான்னு நம்மள்ல நிறைய பேரு நினைக்கிறோம். 1948 டிசம்பர் 10 ஐநா சபையில நிறைவேத்துன பிரகடனத்துல 25வது பிரிவுன்னு ஒன்னு இருக்கு, சாப்பாடு, துணி, வீடு, வைத்தியம், வேலை இல்லாம போனாலோ முடியாம போனாலோ பாதுகாப்பு, இதெல்லாம் ஒவ்வொரு மனுசனுக்கும் உரிமைன்னு அதுல இருக்கு. எழுபது வருசம் கழிச்சு, 2018 டிசம்பர்ல, விவசாயிகளுக்கும் கிராமத்துல வேலை செய்யிறவங்களுக்கும்னே தனியா ஒரு பிரகடனம் கொண்டு வந்தாங்க. 121 நாடு ஆதரவு, 8 நாடு எதிர்ப்பு, 54 நாடு எந்த பக்கமும் ஓட்டு போடல. இந்தியா ஆதரவா தான் ஓட்டு போட்டுச்சு. அத வச்சு நேரா கோர்ட்டுக்கு போயிட முடியாது, அந்த அளவுக்கு அதுக்கு பலம் இல்ல, அதையும் சொல்லிடுறேன். ஆனா அதுல விவசாயின்னா யாருன்னு சொல்லியிருக்காங்க பாருங்க, அத நாம மனப்பாடம் பண்ணி வச்சுக்கணும். பட்டா இருக்கான்னு அது கேக்கல. குத்தகைக்கு உழுறவங்க, கூலிக்கு நடவு நடுறவங்க, ஆடு மாடு மேய்க்கிறவங்க, மீன் பிடிக்கிறவங்க, நிலமே இல்லாதவங்க, எல்லாரையும் அது சேர்த்துக்குது. நிலத்துக்கு உரிமை, விதைக்கு உரிமைன்னு தனித்தனியா பிரிவே இருக்கு.

எங்கயோ ஜெனிவாவுல எழுதுனது நமக்கு எதுக்குன்னு கேப்பீங்க. நியாயம் தான். அப்ப நம்ம மண்ணுல எழுதுனத பாப்போம்.

இந்த ஜில்லாவுல, அப்ப எல்லாம் ஒன்னா தஞ்சாவூர் ஜில்லா, பண்ணையாள்னு, நிலத்துக்காரர்ட்ட அடிமை மாதிரி வேலை செய்யிற ஒரு மனுச வாழ்க்கை இருந்துச்சு. தண்டனைன்னா சாணிய கரைச்சு குடிக்க வைக்கிற சாணிப்பால், சவுக்கடி. இங்க உக்காந்திருக்கிற பெரியவங்க அவங்க அப்பா அம்மா வாயால கேட்டிருப்பாங்க. சங்கம் கட்டி, செங்கொடி புடிச்சு, அடி வாங்கி, ஜெயிலுக்கு போயி தான் 1952ல தஞ்சாவூர் குத்தகைதாரர் பண்ணையாள் பாதுகாப்பு சட்டம் வந்துச்சு, நம்ம ஜில்லாவுக்குன்னே போட்ட சட்டம் அது. 1955ல குத்தகைதாரர் பாதுகாப்பு சட்டம், 56ல நியாய குத்தகை சட்டம். அப்புறம் 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. தலித் விவசாய தொழிலாளிங்க கூலிய கூட்டி கேட்டாங்க, சங்கத்த விட்டு வரமாட்டோம்னு சொன்னாங்க, அதுக்கு 44 பேர ஒரு குடிசையில வச்சு கொளுத்துனாங்க. முக்காவாசி பொம்பளைங்களும் புள்ளைங்களும். வழக்குல நிலத்துக்காரங்க ஐகோர்ட்டுல விடுதலை ஆயிட்டாங்க. இன்னும் பதினஞ்சு நாள்ல அந்த தேதி வருது, நீங்க எல்லாரும் வெண்மணிக்கு போவீங்க, நானும் வருவேன், ஸ்தூபிக்கு முன்னாடி நிப்போம். அந்த 44 உயிருக்கு அப்புறம் 1969ல விவசாய தொழிலாளர் நியாய கூலி சட்டம் வந்துச்சு, அதே 69ல குத்தகை உரிமை பதிவு சட்டம் வந்துச்சு, 1971ல குடியிருப்பு மனைய அங்க இருக்கிறவங்களுக்கே சொந்தமாக்குற சட்டம் வந்துச்சு. நான் சொல்றது புரியுதுங்களா? இதுல ஒன்னு கூட யாரும் இரக்கப்பட்டு போட்டது கிடையாது.

இந்த குத்தகை சட்டமெல்லாம் என்ன சொல்லுதுன்னு கேளுங்க. பேசுறதுல இது தான் முக்கியமான இடம். குத்தகை மொத்த மகசூல்ல நாலுல ஒரு பங்குக்கு மேல கேக்கக்கூடாது. ஒம்போது மூட்டை விளைஞ்சா ரெண்டே கால் தான், எங்க அப்பா மூணு அளந்தாரு. குத்தகைதாரர நிலத்துக்காரரு நினைச்சப்ப வெளியேத்த முடியாது, குத்தகை பாக்கி வச்சா, நிலத்த நாசம் பண்ணா, அந்த மாதிரி காரணம் இருந்தா மட்டும், அதுவும் வருவாய் கோர்ட்டு வழியா தான். பதிவு அலுவலர்ட்ட மனு குடுத்து, ரெண்டு பக்கத்தையும் விசாரிச்சு, குத்தகைதாரர்னு உங்க பேர பதிவேட்டுல ஏத்தலாம். ஐம்பது வருசத்துக்கு மேல ஆச்சு இந்த சட்டம் வந்து. இந்த கூட்டத்துல குத்தகை சாகுபடி பண்றவங்க கை தூக்குங்க. சரி. அதுல பேரு பதிவு பண்ணவங்க மட்டும் கைய அப்படியே வைங்க, மத்தவங்க இறக்கிடுங்க.

பாத்தீங்களா. ஏழு பேரு.

உங்கள குத்தம் சொல்லல. எங்க அப்பாவும் பதிவு பண்ணல. பதிவுக்கு மனு போட்டோம்னு தெரிஞ்சா அடுத்த போகத்துக்கு நிலம் இல்லைன்னுடுவாங்களோன்னு பயம். கோயில் நிலமா இருந்தா வேற மாதிரி பயம். அதுனால சும்மா இருந்துடுறோம், சும்மா இருந்தா என்ன ஆகுது, பேரு இல்லைன்னா அடங்கல், அதாவது எந்த வயல்ல யாரு என்ன பயிரு வச்சிருக்காங்கன்னு சொல்ற கிராம கணக்கு, அத வாங்க அலையணும், அடங்கல் இல்லைன்னா கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் இல்ல, சொசைட்டி கடன் இல்லைன்னா கந்துவட்டி, இல்ல வாராவாரம் வாசல்ல வந்து நிக்கிற குரூப் லோன், பயிர் காப்பீடு கட்டவும் அதே அடங்கல் தான் கேப்பாங்க, நெல்லு கொள்முதல் நிலையத்துல போடவும் அதே தான், வருசத்துக்கு 6000 ரூபா பிஎம் கிசான் பணம் நிலம் யாரு பேர்ல இருக்கோ அவங்களுக்கு தான், உழுறவனுக்கு இல்ல. ஒரு பேப்பர் இல்லாததுனால அஞ்சு கதவு சாத்திக்குது. அப்புறம் ஒவ்வொரு கதவு முன்னாடியும் நின்னு யாரையாவது கும்புட வேண்டியிருக்கு.

தமிழ்நாட்டுல ஒரு விவசாயிக்கு சராசரி நிலம் 0.75 எக்டேர்னு 2015-16 வேளாண் கணக்கெடுப்புல வந்துச்சு. ரெண்டு ஏக்கர் கூட இல்ல. இவ்ளோ சின்ன நிலத்துல ஒரு போகம் போனா அடுத்த ரெண்டு போகம் கடன் அடைக்கத்தான் சரியா இருக்கும். அதுனால ஆதரவுன்னா சரியான நேரத்துல வரணும். குறுவை அறுக்கிற நேரம் மழை பிடிச்சுக்கும், வயல்ல ஈரம், டயர் வச்ச அறுவடை வண்டி இறங்காது, பெல்ட் வண்டிக்கு வாடகை அதிகம். அறுத்து கொண்டுபோனா ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேலன்னு திருப்பி விடுவாங்க, தார்ப்பாய் போட்டு மூடி, பகல்ல பிரிச்சு காயவச்சு, ராத்திரி காவல் இருந்து, குவிச்ச நெல்லு முளைச்சு வெள்ளையா வேர் விட்டு நிக்கிறத நாம எல்லாரும் பாத்திருக்கோம். காயவைக்க ஒரு நல்ல களம், கூரை போட்ட களம், ஊருக்கு ஒன்னு கட்டி குடுத்தா இந்த கொடுமை பாதி குறையும். வடிகால ஆகாயத்தாமரை மண்டுன அப்புறம் இல்லாம கோடையிலயே வெட்டிட்டா இன்னைக்கு சம்பா முங்கியிருக்காது. இது பெரிய திட்டம் கிடையாது, ஜேசிபி நாலு நாள் வேலை.

விதை பத்தியும் ஒன்னு சொல்லணும், ஏன்னா அந்த மனுசன் நம்ம ஊர்க்காரரு. நெல் ஜெயராமன். இதே ஆதிரெங்கத்துல 2006லேர்ந்து நெல் திருவிழா நடத்துனாரு. இயற்கை விவசாயம் சொல்லிக்குடுத்த நம்மாழ்வார் ஐயா காட்டுன வழியில நடந்து 174 பாரம்பரிய நெல்லு ரகத்த தேடிப்புடிச்சு சேர்த்தாரு. ரெண்டு கிலோ விதை வாங்கிட்டு போங்க, அடுத்த வருசம் நாலு கிலோவா திருப்பி குடுங்கன்னாரு. அவ்ளோ தான் கணக்கு. குழியடிச்சான், காட்டுயானம், மாப்பிள்ளை சம்பா, பூங்கார்னு உப்புத்தண்ணிக்கு ஒன்னு, வெள்ளத்துக்கு ஒன்னுன்னு நம்ம முன்னோர் வச்சிருந்தது அழியாம இன்னைக்கு கைக்கு வந்துச்சுன்னா அதுக்கு அவரு காரணம். அங்க வாங்குறவங்க யாரும் கைகட்டி நிக்கல பாருங்க, வாங்குனவங்க அடுத்த வருசம் குடுக்குறவங்களா வந்தாங்க. ஐநா பிரகடனத்துல விதை உரிமை வர்றதுக்கு பன்னெண்டு வருசம் முன்னாடியே நம்ம ஊர்ல அது நடந்துச்சு. 2018 டிசம்பர் 6ஆம் தேதி அவரு போயிட்டாரு, பத்து பதினோரு நாள் கழிச்சு தான் அந்த பிரகடனமே நிறைவேறுச்சு, அத நினைச்சா எனக்கு நெஞ்ச அடைக்கும்.

இப்ப பொம்பளைங்க கிட்ட தனியா பேசணும். நாத்து பறிக்கிறது யாரு, நடவு யாரு, களை யாரு? நானும் பதினாலு வயசுலேர்ந்து நடவு நட்டவ தான், முட்டி வரைக்கும் சேத்துல நின்னு நகக்கண்ணு அழுகுன வலி எனக்கு தெரியும். ஆனா விவசாயின்னு சொன்னா யாரு மனசுலயும் ஒரு பொம்பள முகம் வர்றதில்ல. கிருஷ்ணம்மாள் அம்மா, வெண்மணிக்கு அப்புறம் இந்த பக்கம் வந்தவங்க, அவங்க வீட்டுக்காரரு ஜெகந்நாதன் ஐயாவும் அவங்களும் 1981ல லாப்டி இயக்கத்த ஆரம்பிச்சு, நிலத்துக்காரங்க கிட்ட பேசி விலைக்கு வாங்கி நிலமில்லாத தலித் குடும்பத்துக்கு பிரிச்சு குடுத்தாங்க. நிலத்த பொம்பளைங்க பேர்ல எழுதுனாங்க. ஆம்பள பேர்ல இருந்தா அடகுக்கு போயிடும், அம்மா பேர்ல இருந்தா அடுப்பு எரியும்னு அவங்களுக்கு தெரியும். நல்ல வயல இறால் குட்டையா மாத்துனப்பவும் ஜெகந்நாதன் ஐயா தான் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போயி 1996ல தீர்ப்பு வாங்குனாரு. நம்ம மாநிலத்துல 1989லயே பொண்ணுக்கும் பூர்வீக சொத்துல சம பங்குன்னு சட்டம் வந்தாச்சு. ஆனா தம்பிக்கு கல்யாணம்னா அக்கா தங்கச்சிங்க எங்க பங்கு வேணாம்னு விடுதலை பத்திரத்துல கையெழுத்து போட்டுட்டு ஒரு புடவையோட வந்துடுறோம். இனிமே போடாதீங்க. அண்ணன் தம்பி உறவு முறிஞ்சிடும்னு பயப்படாதீங்க, முறியிற உறவு புடவையால ஒட்டாது.

இப்ப வேலைக்கு வருவோம். நான் சட்ட உதவி தன்னார்வலரா இருக்கேன். பொம்பளைங்களுக்கும், எஸ்சி எஸ்டி மக்களுக்கும் வருமானம் எவ்ளோ இருந்தாலும் சட்ட உதவி இலவசம், 1987 சட்டத்துலயே இருக்கு, வக்கீல் பீஸ் நினைச்சு யாரும் பின்வாங்க வேணாம். தனியா ஒருத்தரு மனு போட்டா நிலத்துக்காரருக்கு கோவம் அந்த ஒருத்தரு மேல வரும். அதுனால தெருவா சேந்து போடுவோம், ஒரே நாள்ல, நாப்பது பேரா. ஜனவரி 26 கிராம சபையில இந்த வடிகால் விஷயத்தையும் களத்தையும் தீர்மானமா எழுதி வாங்கணும், வாயால சொல்லிட்டு வந்தா போதாது, தீர்மான நோட்டுல ஏறுச்சான்னு பாத்துட்டு தான் எந்திரிக்கணும். கலெக்டர் ஆபீஸ்ல மாசாமாசம் நடக்குற விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கும் வேன் பேசியிருக்கு.

பந்தல் ஓரத்துல மேசை போட்டிருக்கு, குத்தகை பதிவு மனு அங்க இருக்கு. சர்வே நம்பர் தெரியலன்னா வயல் எங்க இருக்குன்னு சொல்லுங்க, எதுக்கு பக்கத்துலன்னு சொன்னா போதும், நம்ம தம்பிங்க போன்ல பாத்து எழுதிடுவாங்க. குத்தகை அளந்ததுக்கு ரசீது இல்லாட்டி பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேர கூட்டிட்டு வாங்க, அவங்க சாட்சி சொல்லட்டும். கையெழுத்து போட வராதவங்க ரேகை வைக்கலாம், மை டப்பா மேசை மேலயே இருக்கு. முதல் மனு எங்க அப்பாவோடது. வயசு எழுபத்தி ரெண்டு, அதோ மூணாவது வரிசையில உக்காந்திருக்காரு. அவருக்கு அடுத்து நம்பர் ரெண்டு யாரு?