முழுசாகக் கேளுங்கள், நடுவர் அவர்களே!

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, டர்பன் தமிழ் மக்களே, வணக்கம்.

"மனத்தில் தங்குவது முழு ஆல்பமா, பொறுக்கி எடுத்த பாடல்களா?" இதுதான் இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசிய தம்பி, "பஃபேயில் பிடித்ததை மட்டும் எடுக்கிற மாதிரி, போனில் பிடித்த பாட்டை மட்டும் கேட்டால் போதும்" என்றார். சரி தம்பி, ஊறுகாய் உங்களுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். தட்டு நிறைய ஊறுகாயை மட்டும் சாப்பிட்டுக் காட்டுங்களேன்!

எனக்குப் பிடித்த ஆல்பத்தையே சாட்சிக்கு அழைக்கிறேன். 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'. படம் இல்லை, கதாநாயகன் இல்லை, தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாக் (Bach) அவர்களுக்கும் காணிக்கையாக்கிய இசை. நம் ஊரில் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தமிழ்ப் பாட்டென்றால் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கிறது. பாட்டிமார் தலையை ஆட்டுகிறீர்கள், தெரிகிறது! இந்த ஆல்பத்துக்கு அந்த வேலை இல்லை. வயலினே எல்லாவற்றையும் சொல்லிவிடும்.

அதில் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்று ஒன்று வரும். பாக் வயலினுக்கு எழுதிய 'பார்ட்டிட்டா' என்ற இசைத்தொகுப்பின் முன்னிசை ஓடிக்கொண்டிருக்க, நம் கர்நாடக வயலின் கமகத்தோடு வந்து சேர்ந்துகொள்ளும். அதை மட்டும் தனியாகக் கேட்டால், 'அடடா, நல்ல வித்தை' என்று தோன்றும், அவ்வளவுதான். ஆனால் அதற்குத் தொடர்ச்சியாக 'அண்ட் வி ஹேட் எ டாக்' என்று இன்னொன்று வைத்திருக்கிறார். பாக் வீட்டுக்கு வந்தார், அப்புறம் இருவரும் உட்கார்ந்து பேசினார்கள். தம்பியின் போனில் பாக் வாசலிலேயே நிற்கிறார். உள்ளே கூப்பிட ஆளில்லை!

"ஒப்புக்கு நாலு பாட்டைத் திணித்த ஆல்பங்களும் உண்டே" என்பார்கள். உண்டு. ஏ பக்கம் ஒரு படம், பி பக்கம் வேறொரு படம் என்று வந்த கேசட்டுக்கெல்லாம் வாதாட நான் வரவில்லை.

இந்த மண்ணிலிருந்தே இன்னொரு சாட்சி. 1979-ல் ஜூலுக்கா இசைக்குழுவின் 'யுனிவர்சல் மென்' ஆல்பம். ஜானி கிளெக் வெள்ளைக்காரர், சிபோ ம்சூனு ஜூலு இளைஞர். நிறவெறிச் சட்டம் இருந்த காலம். இரண்டு இனமும் இரண்டு மொழியும் கலந்த பாட்டுக்கு வானொலி அநேகமாகக் கதவைச் சாத்திவிட்டது. தனிப் பாட்டாக ஒலித்துப் பிரபலமாக வழியே இல்லை. இசைத்தட்டை வாங்கி, வீட்டில் முழுசாகக் கேட்டவர்கள் வாய்வழியாகச் சொல்லிச் சொல்லித்தான் அது பரவியது. கிராமத்தை விட்டு ஜொகானஸ்பர்க்குக்குப் பிழைக்கப் போகிற தொழிலாளியின் வாழ்க்கைதான் அந்த ஆல்பம் முழுக்க. 1860-ல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் வந்து இங்கே கரும்பு வெட்டியவர்களின் வம்சம் நாம். பிழைப்புக்காக ஊரை விட்டவனின் கதையில் பாதியைக் கேட்டால் போதும் என்று நமக்கே சொல்கிறார்களே, நடுவர் அவர்களே!

அடுத்துப் பேச வரும் எதிரணி அக்காவுக்கு ஒரு வேண்டுகோள். அந்த இசைத்தட்டிலிருந்து ஒரே ஒரு பாட்டை எடுங்கள். அதை மட்டும் வைத்து, அந்தத் தொழிலாளி எங்கிருந்து கிளம்பினான், நகரத்தில் என்ன பட்டான், ஊரை நினைத்து எப்படி ஏங்கினான் என்று இந்தச் சபைக்குச் சொல்லுங்கள். சொல்லிவிட்டால், நடுவர் அவர்களே, தீர்ப்பை அவர்களுக்கே கொடுங்கள். நானும் எழுந்து நின்று கை தட்டுகிறேன். நன்றி, வணக்கம்.