மழை இடித்ததும் மல்லன் விடுமன் புதுக்கியதும்

நேயர்களுக்கு வணக்கம்.

காரைக்குடிக்குப் பக்கத்தில் ஓர் ஊரில் எங்களுக்குப் பொது வீடு ஒன்று இருக்கிறது. பதினோரு புள்ளிகளுக்கு, அதாவது பதினோரு குடும்பங்களுக்குப் பாத்தியப்பட்டது. ஐப்பசி மழையில் இரண்டாங்கட்டின் கிழக்குத் தாவாரம் ஒழுகி, ஓடு சரிந்து, உத்தரம் ஒன்றும் ஊறிப்போனது. அதைச் சரிசெய்வதா, இருக்கிறபடி விட்டுவிடுவதா என்று பேச, தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை பங்காளிகள் கூடுவதாக ஏற்பாடு. சென்னையிலிருந்து எங்கள் ஆச்சி முதல் ஆளாக வந்து சேர்ந்தார். எங்கள் பக்கத்தில் அக்காவை ஆச்சி என்போம். கட்டிக்கொடுத்துப் போனவர், புள்ளிக் கணக்கில் அவருக்கு இடமில்லை. இருந்தாலும் அவர்தான் முதலில் வந்தார். பங்குள்ளவர்கள் யாரும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் வர முடியும் என்று ஒவ்வொருவராகப் போன் செய்தார்கள்.

"ஒழுகின எடத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருக்கவா வந்தேன்? எங்கயாச்சும் போவோம் தம்பி" என்றார் ஆச்சி.

அப்படிக் கிளம்பியதுதான் நான் இன்று சொல்லப்போகும் பயணம்.

செட்டிநாட்டுக்கு வெளியூரிலிருந்து வருகிறவர்கள் வீடுகளைப் பார்க்கிறார்கள். பர்மாத் தேக்குத் தூண், ஆத்தங்குடிக் கல், முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுவர். பார்க்க வேண்டியவைதான், நானும் பத்துப் பேருக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறேன். ஆனால் அந்த வீடுகளின் வயது நூறு, மிஞ்சிப்போனால் நூற்றைம்பது. காரில் ஒன்றரை மணி நேரம் வடக்கே போனால் ஆயிரம் வயதுக் கல்லும் இரண்டாயிரம் வயதுக் கல்லும் வெயிலில் கிடக்கின்றன. அறுபது வயதுவரை நான் அந்தப் பக்கம் போனது பெண் பார்க்கவும் துக்கம் கேட்கவும்தான்.

விடியுமுன் கிளம்பினோம். டிபன் கேரியரில் இட்லி, தூக்கில் புளிச்சோறு, ஒரு டப்பா நிறையச் சீப்புச்சீடை. வண்டி ஓட்டிய தம்பிக்கு அந்த வட்டாரம் அத்துபடி. திருமயத்தைத் தாண்டும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. பாறைமேல் கோட்டை கறுப்பாகத் தெரிந்தது. ராமநாதபுரம் கிழவன் சேதுபதி 1687இல் கட்டிய கோட்டை. அடிவாரத்தில் ஒரே பாறையில் சிவனுக்கு ஒரு குடைவரை, பள்ளிகொண்ட பெருமாளுக்கு ஒரு குடைவரை என்று அடுத்தடுத்து. திருமங்கையாழ்வார் பாடிய தலமாச்சே, இறங்கிவிட்டுப் போகலாம் என்று ஆச்சிக்கு ஆசை. நடை திறக்க நேரமிருந்தது, நான்தான் வேண்டாமென்றேன். ஒரு நாளில் ஏழெட்டு இடம் வைத்துக்கொண்டால் கோயிலைப் பார்க்க மாட்டோம், கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம்.

புதுக்கோட்டையைக் கடந்து திருச்சி சாலையில் போய் நார்த்தாமலைக்குத் திரும்பினோம். சுற்றிலும் ஒன்பது குன்றுகள். மேலமலை, கடம்பர்மலை, பொன்மலை, பொம்மமலை, ஆளுருட்டிமலை என்று ஒவ்வொன்றுக்கும் பெயர். அனுமன் சஞ்சீவி மலையைத் தூக்கிக்கொண்டு போனபோது சிந்திய துண்டுகள் இவை என்பது அந்த ஊர்க் கதை. மரமில்லை, மண்ணில்லை, வழவழவென்று ஒரே கல்லாக யானை படுத்திருப்பதுபோல் கிடக்கின்றன. நகரத்தார் மலை என்பதுதான் நார்த்தாமலை ஆனது என்கிறார்கள். நகரத்தார் என்றால் இங்கே வணிகர்கள், சோழர் காலத்தில் இது வணிகர்கள் கூடிய பெரிய ஊர். ஆச்சிக்கு உடனே சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஆகிவிட்டது. "நம்மாளுக தம்பி" என்றார். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது ஆச்சி என்றேன். காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மேலமலையின் சரிவில் ஏறிப் போக வேண்டும். காலை ஏழு மணிக்குப் பாறை சில்லென்று இருந்தது. மூச்சு வாங்க ஏறி ஒரு திருப்பத்தில் நிமிர்ந்தால், விஜயாலய சோழீசுவரம் மேற்குப் பார்த்து நிற்கிறது. சுற்றி ஒரு வீடு கிடையாது, ஒரு கடை கிடையாது. சோழன் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறதே தவிர, எழுப்பியவன் சாத்தன் பூதி என்ற இளங்கோவதியரையன், முத்தரையர் குலத் தலைவன் என்கிறார்கள். காலம் ஒன்பதாம் நூற்றாண்டு. வெளிச்சுவர் சதுரம், உள்ளே கருவறை வட்டம். சதுரத்துக்கும் வட்டத்துக்கும் நடுவே ஒரு சிறு சுற்றுப்பாதை. பெரிய கோயிலைச் சுற்றி எட்டுச் சிறு கோயில்கள் இருந்தன, இப்போது ஆறு நிற்கின்றன. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். ஒன்றில் பன்னிரண்டு திருமால் உருவங்கள், ஆளுயரத்துக்கு, வரிசையாக. அந்தக் குடைவரைக்குச் சமணர் குடகு என்று பெயர்! சமணர் இடம் பெருமாள் இடமாகி, பெயர் மட்டும் பழைய வாடகைதாரர் பெயரிலேயே இருக்கிறது.

என்னை உட்கார வைத்தது வேறொரு விஷயம். வாசலில் இருக்கும் கல்வெட்டு. சாத்தன் பூதி கட்டிய கற்றளி மழையால் இடிந்துபோனது, அதை மல்லன் விடுமன் என்ற தென்னவன் தமிழதியரையன் புதுப்பித்தான் என்கிறது. அவ்வளவுதான் செய்தி. எடுத்தவன் ஒருவன், மழை இடித்தது, எடுத்துக் கட்டியவன் இன்னொருவன். நான் இதைப் படித்துச் சொன்னதும் ஆச்சி கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "அந்த மல்லனுக்கு இதுல பங்கு இருந்துச்சாமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பு போய்விட்டது.

அங்கிருந்து சித்தன்னவாசல். முதலில் ஏழடிப்பட்டம். குன்றின் மறுபக்கம் இயற்கையாக அமைந்த குகை, பாறையில் ஏழு அடிகள் வெட்டிவைத்து அதைப் பிடித்து ஏறியதால் அந்தப் பெயர். இன்று கம்பி வேலி இருக்கிறது, ஆனாலும் கீழே பார்க்காமல் போவது நல்லது. உள்ளே பதினேழு கற்படுக்கைகள், தலைப்பக்கம் தலையணைபோல் மேடு விட்டுச் செதுக்கியிருக்கிறார்கள். தடவிப் பார்த்தேன், எங்கள் வீட்டுப் பட்டியக்கல் இவ்வளவு மழமழப்பு இல்லை. இருப்பதிலேயே பெரிய படுக்கையின் பக்கத்தில் தமிழி என்ற பழந்தமிழ் எழுத்து இருக்கிறது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தியது. குமுழூரில் பிறந்த காவுடிக்குச் சிறுபோசில் இளையர் செய்த இருக்கை என்று அறிஞர்கள் படித்திருக்கிறார்கள். அதற்குப் பல நூற்றாண்டு கழித்தும் சமணத் துறவிகள் வந்து தங்கியிருக்கிறார்கள். திருநீலன், திருப்பூரணன் என்று படுக்கையோரம் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. உடுத்த துணியையே வேண்டாம் என்றவர்களின் பெயரைக் கல் வைத்திருக்கிறது.

அதே குன்றின் இன்னொரு பக்கத்தில் அறிவர் கோயில், சமணர்களின் குடைவரை. ஓவியம் அங்கேதான். கூரையைப் பார்க்கக் கழுத்தை ஒடித்துக்கொண்டு நிற்க வேண்டும். தாமரைக்குளம் ஒன்று. மொட்டு, விரிந்த பூ, இலை, இலைக்கடியில் மீன். வாத்து, எருமை, யானை, நடுவே இறங்கிப் பூப்பறிக்கும் ஆட்கள். ஒருவர் பறித்த பூவைத் தண்டோடு தோளில் சாய்த்துக்கொண்டு நிற்கிறார். நிறம் நிறைய மங்கிவிட்டது. தூண்களில் இருக்கும் ஆடல் மகளிர் இருவரையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். படத்தில் பார்த்துவிட்டு வருகிறவர்கள் ஏமாறுவார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். பத்து நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக விட்டால் குளம் மெதுவாக மேலே வரும். கருவறைக்குள் வாயை மூடி "ம்ம்" என்று இழுத்தால் அறை முழுக்க அது சுழன்று காதுக்குள் அதிரும். ஆச்சி சின்ன வயதில் வீணை கற்றவர். அந்த ஒற்றைச் சுருதியைப் பிடித்துக்கொண்டு வெளியே வர மறுத்துவிட்டார்.

முகப்பின் தெற்குப் பக்கத்தில் கல்வெட்டு ஒன்று இருக்கிறது. மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுப்பித்து முன்மண்டபமும் எடுத்தார் என்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டு, பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலம். நாம் இன்று அண்ணாந்து பார்க்கும் ஓவியத்தையும் அந்தத் திருப்பணியோடு சேர்த்தே சொல்கிறார்கள். அதற்கடியில் இன்னும் பழைய பூச்சொன்று இருக்கிறதாம். "இங்கயும் ஒரு மல்லனா?" என்றார் ஆச்சி. ஆமாம், இங்கேயும்.

குன்றின் கிழக்குச் சரிவில் நவ்வாச் சுனை என்று ஒரு சுனை. தண்ணீருக்கடியில் சிறு குடைவரையும் அதற்குள் லிங்கமும் இருக்கின்றன, இறைத்தால்தான் தரிசனம். மற்ற நாட்களில் பச்சைத் தண்ணீரில் வானம்தான் தெரியும். சுட்டெரிக்கும் பாறையின் இடுக்கில் வற்றாமல் அப்படி ஒரு தண்ணீர் நிற்பது எனக்குக் குகையைவிடவும் ஓவியத்தைவிடவும் பெரிய அதிசயமாகப் பட்டது. நிழலும் இந்தத் தண்ணீரும் இல்லாவிட்டால் இங்கே எந்தத் துறவி வந்து படுத்திருப்பார்?

நடை சாத்துவதற்குள் குடுமியான்மலை போய்ச் சேர்ந்தோம். பூவில் முடி வந்ததற்குச் சாமிக்கே குடுமி உண்டு என்று பயந்துபோன குருக்கள் மன்னரிடம் சொல்ல, அவரைக் காப்பாற்றச் சாமியும் குடுமி காட்டினார் என்ற கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். நாங்கள் போனது இசைக் கல்வெட்டுக்காக. குடைவரைக்குப் பக்கத்துப் பாறைச் சரிவில், பெரிய கரும்பலகை அளவுக்கும் மேலே, ஏழாம் நூற்றாண்டுப் பல்லவ கிரந்த எழுத்து. ஏழு பண்களுக்கான சுரக்கோவைகள் ஏழு பகுதிகளாக வரிசை வரிசையாக வெட்டப்பட்டிருக்கின்றன. உருத்திராசாரியாரின் மாணவரான ஒரு மன்னர் மாணவர்களுக்காகச் செய்தது என்று அதிலேயே இருக்கிறது. மகேந்திரவர்மனாகத்தான் இருக்கும் என்பது வழக்கமான கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு. கடைசியில் தமிழில் ஒரு வரி: "எட்டிற்கும் ஏழிற்கும் இவை உரிய." எட்டு நரம்பு யாழா, ஏழு நரம்பு யாழா, வேறு ஏதாவதா? ஆச்சி விரலை ஆகாயத்தில் மீட்டிப் பார்த்தார். ஒன்றும் பிடிபடவில்லை. "பாடம் நடத்துற வாத்தியாரு கல்லுலயே எழுதிப் போட்டுட்டாரு, எங்க வாத்தியாரு நோட்டுலகூட எழுதித் தரலை" என்றார்.

புளியமரத்தடியில் சாப்பாடு. புளிச்சோறு தீர்ந்தது. சீடை தீரவில்லை.

கொடும்பாளூரில் அதிகம் பேசப் போவதில்லை. மூவர் கோயில் என்று பெயர், நிற்பவை இரண்டு. மூன்றாவதற்கு அடித்தளம் மட்டும். இருக்குவேளிர் தலைவன் பூதி விக்கிரமகேசரி தன் பெயரிலும் தன் இரு மனைவியர் பெயரிலும் எடுத்தவை. ஒரு மனைவியின் பெயர் வரகுணை, இன்னொருத்தியின் பெயர் கற்றளி. கற்றளி என்றால் கல்லால் கட்டிய கோயில்! அப்படிப் பெயருள்ள பெண்ணுக்குக் கோயிலைத் தவிர வேறு எதைக் கட்டிக் கொடுப்பது? சுற்றியிருந்த சிறு கோயில்கள் அடிக்கல்லாகப் புல்லில் கிடக்கின்றன. இங்கே புதுக்க ஒரு மல்லன் வரவில்லை. கோவலனும் கண்ணகியும் மதுரைக்குப் போன வழியில் சாலை மூன்றாகப் பிரிந்த இடம் இந்தக் கொடும்பைக் குளத்துக் கரைதான். இன்றும் திருச்சி – மதுரை நெடுஞ்சாலை கூப்பிடு தூரத்தில் இரைகிறது.

கொட்டாம்பட்டியில் கிழக்கே திரும்பினோம். சிங்கம்புணரி நெருங்கும்போது இடப்பக்கம் பிரான்மலை தெரிந்தது. பாரியின் பறம்பு. உழாமலே விளைவது நான்கு என்று கபிலர் கணக்குச் சொன்ன மலை: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். ஆச்சி கார்க் கண்ணாடியை இறக்கிக்கொண்டு மலை மறையும்வரை பார்த்தார். ஏற நேரமில்லை, முழங்காலும் இல்லை.

திருப்பத்தூர் போவதற்குமுன் ஓட்டுநர் தம்பி கேட்காமலே வண்டியைக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்ப் பக்கம் விட்டார். வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம். பொழுது சாய்ந்த நேரம். நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா, கொக்கு எல்லாம் நான்கு பக்கமிருந்தும் வந்து இறங்கிக்கொண்டிருந்தன. கருவேல மரம் ஒவ்வொன்றும் வெள்ளைத்துணி காயப்போட்டதுபோல் ஆகிவிட்டது. என்ன இரைச்சல்! குஞ்சுகள் பயந்துவிடும் என்று இந்த ஊர்க்காரர்கள் தீபாவளிக்கு வெடி போடுவதில்லை. தலைமுறை தலைமுறையாக இப்படித்தான். கரையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த பெரியவரிடம் ஆச்சி, "பிள்ளைக வெடி கேட்டு அழுகாதா?" என்று கேட்டார். "அழுகும் ஆச்சி. பறவை வந்ததும் மறந்துரும்" என்றார் அவர்.

வீடு வந்து சேர எட்டு மணி. மறுநாள் கூட்டத்தில் பதினோரு புள்ளியில் ஏழு வந்தது. இரண்டு மணி நேரம் பழைய கதை, அரை மணி நேரம் ஓட்டுக் கதை. செய்துவிடுவோம் என்று முடிவானது. கொத்தனார் வந்து ஏணி வைத்து ஏறிப் பார்த்தார். பழைய ஓடு கிடைப்பது கஷ்டம், உத்தரத்தை மாற்றாமல் ஒட்டு வைத்தே நிறுத்தலாம், செலவைக் கணக்குப் போட்டு அடுத்த வாரம் சொல்கிறேன் என்றார்.

புது நோட்டு ஒன்று வாங்கி, பிள்ளையார் சுழி போட்டு, முதல் வரியை எழுதச் சொல்லி ஆச்சியிடம் கொடுத்தோம். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்துக் கையெழுத்தில் எழுதினார்: "மழை இடித்த கிழக்குத் தாவாரம் புதுக்கிய வகையில் செலவு." தொகை எழுதும் இடத்தைக் காலியாக விட்டு, நோட்டை என்னிடம் நீட்டினார்.

நன்றி, வணக்கம்.