உப்புத் தண்ணி டாங்கியில மீன் ஏன் சாகுது? டெஸ்ட் கிட் சொல்லாததைக் கண்டுபிடிக்கிறது எப்படி

[திரையில்: டாங்கி மூலையில் பக்கவாட்டில் கிடக்கும் ஒரு கிளவுன் மீன்]

வணக்கம். அமோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், பிஎச் 8.2. தண்ணியைச் சோதிக்கிற டெஸ்ட் கிட்ல ஒரு குறையும் இல்ல. ஆனா புதுசா வச்ச உப்புத் தண்ணி டாங்கியில மீன் மட்டும் ஒண்ணொண்ணா போய்க்கிட்டே இருக்கு. கடையில கேட்டா, "இன்னொரு ஜோடி விட்டுப் பாருங்க"ன்னு சொல்வாங்க. விடாதீங்க. காரணம் தெரியாம விடுற மீனும் அதே வழியிலதான் போகும்.

டெஸ்ட் கிட் இந்த நிமிஷம் தண்ணி எப்படி இருக்குன்னுதான் காட்டும். நேத்து ராத்திரி என்ன நடந்ததுன்னு காட்டாது. அதுக்கு ரெண்டு கேள்வி போதும். டாங்கியில விட்டு எவ்வளவு நேரம் கழிச்சு செத்தது? முதல்ல செத்தது எது, மீனா, இறாலா? இதை ஒரு தாள்ல எழுதிட்டு மேல பாருங்க.

[திரையில்: நெகிழிப் பையில் மீன், பக்கத்தில் ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பு அளக்கும் கருவி)]

விட்ட அன்னைக்கோ மறுநாளோ செத்திருந்தா, முதல் சந்தேகம் பை மேலதான். மலேசியாவுல பந்திங் மாதிரி செம்பனைத் தோட்டம் சூழ்ந்த டவுன்ல இருந்தா, உப்பு மீன் வாங்க தூரத்துக்குப் போகணும். மீன் பைக்குள்ள ரெண்டு மணி நேரம் கார்ல வரும். அதுக்குள்ள அது விடுற மூச்சுல கார்பன் டை ஆக்ஸைடு சேர்ந்து, பைத் தண்ணியோட பிஎச் இறங்கிடும். மீன் கழிக்கிற அமோனியாவும் அதே தண்ணியிலதான் சேரும். பிஎச் 7.2 கிட்ட இருக்கிற வரைக்கும், மொத்த அமோனியாவுல விஷமா இருக்கிறது 1 சதவீதத்துக்கும் குறைவு. நீங்க பையைத் திறந்து, மெல்லிசா டியூப் போட்டு டாங்கித் தண்ணியைச் சொட்டுச் சொட்டா விட ஆரம்பிச்சா, பிஎச் 8.2 பக்கம் ஏறும். அங்க அதே அமோனியாவுல 7, 8 சதவீதம் விஷமா மாறிடும். நல்லது செய்றோம்னு நினைச்சு மீனை ஒரு மணி நேரம் விஷத்துல ஊறப் போடுறோம்.

அதோட இன்னொரு விஷயமும் சேர்ந்துக்கும். பல கடையில உப்பைக் குறைச்சு, ஸ்பெசிஃபிக் கிராவிட்டி, அதாவது உப்பு எவ்வளவுன்னு காட்டுற எண், 1.018, 1.020 அளவுல மீனை வச்சிருப்பாங்க. உப்புச் செலவு மிச்சம், ஒட்டுண்ணித் தொல்லையும் கொஞ்சம் கம்மி. உங்க டாங்கி 1.025. உப்பு குறைஞ்ச தண்ணிக்கு மீன் ஓரளவு சமாளிச்சுக்கும். திடீர்னு உப்பு கூடினா உடம்புல இருக்கிற தண்ணியை இழந்துடும். வெளியில ஒரு காயமும் தெரியாது, ஒண்ணு ரெண்டு நாள்ல செத்துடும்.

அதனால வாங்கப் போறதுக்கு முன்னாலயே கடைக்குப் போன் போட்டு, "உங்க தண்ணி எத்தனை?"ன்னு கேளுங்க. தனியா ஒரு 40 லிட்டர் டாங்கியை அதே அளவுக்குத் தயார் பண்ணி வைங்க. பையை மூடினபடியே 15 நிமிஷம் மிதக்க விட்டு சூட்டைச் சமமாக்குங்க. திறந்ததும் ஒரு சொட்டு எடுத்து ரிஃப்ராக்டோமீட்டர்ல பாருங்க. ரெண்டும் ஒத்துப்போனா மீனைக் கையால எடுத்து நேரா விடுங்க, பைத் தண்ணியைக் கொட்டிடுங்க. அப்புறம் ஒரு நாளைக்கு 0.001 இல்ல 0.002ன்னு உப்பை ஏத்துங்க. ரிஃப்ராக்டோமீட்டரை 35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்புன்னு குறிச்ச திரவம் வச்சுச் சரிபார்த்திருக்கணும். முள் ஆடுற பிளாஸ்டிக் ஹைட்ரோமீட்டர்ல ஒரு காத்துக் குமிழ் ஒட்டிக்கிட்டாலே கணக்கு தப்பிடும்.

[திரையில்: புகை மருந்து அடிக்கும் ஆள், ஓரத்தில் ஒரு தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடு]

பல நாள் நல்லா இருந்த டாங்கியில எல்லாமே ஒரே ராத்திரியில போயிடுச்சா? அதுவும் இறால், நண்டுதான் முதல்ல துடிச்சுதா? அது நோய் இல்ல, விஷம். நம்ம பக்கத்துல முதல்ல சந்தேகப்பட வேண்டியது டெங்கிக்கு அடிக்கிற ஃபோகிங், அதாவது கொசு மருந்துப் புகை. கொசுவைக் கொல்ற பைரித்ராய்டு வகை மருந்து மனுஷனுக்கு அவ்வளவா ஒண்ணும் செய்யாது. மீனுக்கும் இறாலுக்கும் ரொம்பக் கொஞ்சமே போதும். வீட்டுல அடிக்கிற கொசு ஸ்பிரேயிலயும் பெரும்பாலும் இதே குடும்பத்து மருந்துதான். கதவைச் சாத்தினோமேன்னு நிம்மதியா இருக்க முடியாது, ஏன்னா ஏர் பம்பும், நுரையா அழுக்கைப் பிரிக்கிற புரோட்டீன் ஸ்கிம்மரும் அறைக் காத்தை இழுத்துத் தண்ணிக்குள்ளயே விடுது.

ஃபோகிங் வருதுன்னு தெரிஞ்சா அது ரெண்டையும் நிறுத்துங்க. தண்ணிக்குள்ள நீரோட்டம் கிளப்புற வேவ்மேக்கர் ஓடட்டும். டாங்கியை பிளாஸ்டிக் ஷீட்டால மூடி, புகை அடங்கி வீட்டைக் காத்தோட்டமாத் திறந்து விட்ட பிறகு மூடியை எடுங்க. ஏற்கனவே மாட்டிக்கிட்டா, கலந்து வச்ச உப்புத் தண்ணியில பாதியை மாத்தி, விஷத்தை உறிஞ்சுற கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன், புதுசாப் போடுங்க. எப்பவும் ஒரு டிரம் தண்ணி கலந்து வச்சிருக்கச் சொல்றது இதுக்குத்தான்.

அந்த டிரம் எங்க இருந்து வந்ததுன்னும் பாருங்க. தோட்டத்துல களைக்கொல்லி வந்த நீல டிரம், ரப்பர் பால் உறையாம இருக்க அமோனியா வச்சிருந்த கேன், எத்தனை தடவை கழுவினாலும் டாங்கிக்கு ஆகாது. சாப்பாட்டுப் பொருள் வைக்கிற புது டிரம் வாங்குங்க. இறால் மட்டும் செத்து மீன் ஒண்ணும் ஆகாம இருந்தா செம்பு மேல சந்தேகப்படுங்க. அது பழைய மருந்துல இருந்தும் வரும், துருப்பிடிச்ச பம்பு மோட்டார்ல இருந்தும் வரும்.

விடியற்காலையில சாகுதா? பெரிய மீன்தான் முதல்ல போகுதா? ஆக்ஸிஜன் போதல. உப்புத் தண்ணி 25 டிகிரியில லிட்டருக்கு 6.7 மில்லிகிராம்தான் பிடிச்சு வைக்கும், 30 டிகிரியில 6.2. சிங்க் கூரை வீட்டுல மத்தியானம் ஏறுற சூடு ராத்திரியும் டாங்கியில தங்கும். வேவ்மேக்கரை மேல் பார்த்துத் திருப்பி தண்ணியோட மேற்பரப்பு கலங்குற மாதிரி வைங்க, ஒரு சின்ன ஃபேனையும் மேல அடிக்க விடுங்க. ஃபேன் ரெண்டு மூணு டிகிரி குறைக்கும். ஆவியாகுற தண்ணிக்குப் பதிலா உப்பில்லாத தண்ணிதான் ஊத்தணும். கரண்டு போனா ஓட, பேட்டரி ஏர் பம்பு ஒண்ணு வாங்கி வைங்க.

மொரிப் கடற்கரை பக்கத்துலதானே இருக்கு, கடல் தண்ணி மொண்டு வரலாமேன்னு கேட்பாங்க. அது சேத்துக் கடற்கரை, லங்காட் ஆறும் அந்தப் பக்கம்தான் கடல்ல கலக்குது. மழை பெய்ஞ்சா உப்பு எவ்வளவு இறங்கியிருக்கும்னு சொல்ல முடியாது. மீன் டாங்கிக்குன்னு விக்கிற பாக்கெட் கடல் உப்பே மேல். குளோரின் போக்கின தண்ணியில லிட்டருக்கு 35 முதல் 40 கிராம் போட்டு, ஒரு நாள் பம்பு ஓட விட்டு, அளந்து பார்த்து ஊத்துங்க. சமையல் கல்லுப்பு வேண்டவே வேண்டாம்.

[திரையில்: கறுப்பு பேசினில் நீந்தும் மீன், அடியில் சின்னச் சின்ன வெள்ளைப் புள்ளிகள்]

இப்போ கஷ்டமான கூட்டம். நாலாம் நாள்ல இருந்து ரெண்டாவது வாரத்துக்குள்ள, ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணாப் போறது. இது பெரும்பாலும் ஒட்டுண்ணி. உடம்புல உப்புத் தூவின மாதிரி புள்ளி வந்தா இக், அதாவது கிரிப்டோகாரியான். கிளவுன் மீன் மேல வெள்ளைச் சளி படர்ந்தா புருக்ளினெல்லா. ஆனா அதிகமா ஏமாத்துறது வெல்வெட், அமிலூடினியம். அது முதல்ல செவுள்லதான் உட்காரும். மேல புள்ளியே தெரியாம மீன் வேகமா மூச்சு வாங்கும், பம்பு நீரோட்டத்துக்கு நேரா நின்னுக்கிட்டு இருக்கும், சாப்பிடாது, ரெண்டு மூணு நாள்ல முடிஞ்சிடும். கிட்ல எல்லாம் சரியா இருக்கேன்னு குழம்புற கேஸ்ல பல இதுதான்.

மீன் உடம்புல ஒட்டுற இன்னொரு ஒட்டுண்ணி தட்டைப்புழு. அது இருக்கான்னு பார்க்க ஒரு வழி இருக்கு. குளோரின் போக்கின, உப்பில்லாத தண்ணியை டாங்கியோட சூட்டுக்கும் பிஎச்சுக்கும் கொண்டுவந்து, ஏர் ஸ்டோன் போட்டு, கறுப்பு பேசின்ல 5 நிமிஷம் மீனை விடுங்க. மீன் தடுமாறினா உடனே எடுத்திடுங்க. கண்ணாடி மாதிரி தெரியாம ஒட்டியிருந்த புழு வெளுத்து, எள்ளு மாதிரி கீழ விழும். அதுக்கு பிராசிகுவான்டெல்ங்கிற புழு மருந்து.

இக், வெல்வெட் ரெண்டுக்கும் செம்பு மருந்து, ஆனா தனி டாங்கியில மட்டும். பெரிய டாங்கியில ஊத்தினா இறாலும் பவளமும் போயிடும், கல்லும் மணலும் செம்பை உறிஞ்சிக்கும். அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், அதனால லேபிளைப் படிச்சு, செம்பு டெஸ்ட் கிட் வச்சு தினமும் அளங்க. புருக்ளினெல்லாவுக்குச் செம்பு கேக்காது, ஃபார்மலின் வகை மருந்து வேணும்.

ஒட்டுண்ணிக்கு ஒட்ட இடம் இல்லாம போக, பெரிய டாங்கியில மீனே இல்லாம 76 நாள் விடணும். இக் உறைக்குள்ள இருந்து 72 நாள் கழிச்சுக்கூட வெளிய வந்தது பதிவாகியிருக்கு. அந்த நாள் முழுக்கப் பம்பும் ஸ்கிம்மரும் ஓடணும், தண்ணியைச் சுத்தமா வைக்கிற நல்ல பாக்டீரியா சாகாம இருக்க இறாலுக்கும் நத்தைக்கும் ரெண்டு நாளைக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை தீனி போடுங்க. ஈர வலையையும் கையையும் ஒரு டாங்கியில இருந்து இன்னொண்ணுக்குக் கொண்டு போனா, எண்ணிக்கை திரும்பவும் முதல் நாள்ல இருந்துதான்.