மூன்று படி ஏறின வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

பழைய வீடு வாங்க நினைப்பவர்களுக்கு நாலு வார்த்தை சொல்லுங்கள் என்று நிலையத்தார் கூப்பிட்டார்கள். நான் சிவில் இன்ஜினியர். வங்கிக் கடனுக்காக வீடுகளுக்கு மதிப்புப் போட்டுக் கொடுப்பது முப்பது வருஷமாக என் பிழைப்பு. பொதுப்படையாகப் பேச ஆரம்பித்தால் எனக்கே தூக்கம் வந்துவிடும். அதனால் ஒரே ஒரு வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

இந்த வருஷம் ஆடி மாதம் என் அக்கா மகன் போன் பண்ணினான். ஆடியில் யாரும் வீடு முடிக்க மாட்டார்கள், விலை பேச அதுதான் நேரம் என்று புரோக்கர் அவனுக்கு ஓதியிருக்கிறார். "மாமா, மேற்கு மாம்பலத்துல அரை கிரவுண்டு வந்திருக்கு, தனி வீடு. நீங்க பாத்து சரின்னு சொன்னா அட்வான்ஸ் குடுத்துடறேன்" என்றான்.

வெளியூர் நேயர்களுக்காகச் சொல்கிறேன், சென்னையில் ஒரு கிரவுண்டு என்றால் 2400 சதுர அடி. இது அதில் பாதி. தெருப்பக்கம் 20 அடி, உள்ளே 60 அடி, ரயில் பெட்டி மாதிரி. சின்னத் திண்ணை, ரேழி, கூடம், ஓர் அறை, சமையலறை, பின்னால் கிணறு. கட்டியது 1958-இல். எண்பதுகளில் பின்பக்கம் ஒரு குளியலறையும் கழிவறையும் கான்கிரீட் கூரையோடு சேர்த்திருக்கிறார்கள். இருபுறமும் பொதுச்சுவர்.

அந்தப் பேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டை வரை ஒரு பெரிய ஏரி நீண்டு கிடந்தது. 1920-களில் அதை வற்றவைத்துத்தான் தியாகராய நகரைப் போட்டார்கள். தண்டவாளத்துக்குக் கிழக்கே பனகல் பூங்காவை நடுவில் வைத்துத் திட்டம் போட்டுத் தெரு விட்டார்கள். மேற்கே இருந்த மாம்பலம் தன் போக்கில் வளர்ந்தது. 1931-இல் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தபின், பீச் ஸ்டேஷன் பக்கம் ஆபீஸ் போகிறவர்களுக்கு வசதியான இடமாகிவிட்டது. 2015 டிசம்பர், 2021 நவம்பர், 2023-இல் மிக்ஜாம் புயல், மூன்று தடவையும் அந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் நின்றது. அதனால் அங்கே வீடு பார்க்கப் போனால் நான் முதலில் தேடுவது தண்ணீர் வந்துபோன தடத்தைத்தான். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

வாசலிலேயே புரோக்கர் பிடித்துக்கொண்டார். "கட்டடத்தை விடுங்க சார். மண்ணு விலைதான். கட்டைய வித்தா இடிக்கிற செலவு போயிடும்."

இதை அவர் சொன்னதில் தப்பில்லை. நானே ரிப்போர்ட்டில் அப்படித்தான் எழுதுவேன். கூரை போட்ட இடம் 750 சதுர அடி. இன்றைக்குப் புதிதாகக் கட்டினால் சதுர அடிக்கு 2500 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும் 18 லட்சத்து 75 ஆயிரம். கட்டடத்துக்கு அறுபது வயது ஆயுள் என்று போட்டால் அது எப்போதோ முடிந்துவிட்டது. இடித்தால் தேறும் சாமானுக்குப் பத்து சதவீதம், அதாவது 1,87,500. ஒரு குடும்பம் மூன்று தலைமுறை குடியிருந்த வீடு கடைசியில் அந்த ஒரு வரியில் அடங்கிவிடும். வங்கிக்கு அது போதும், ஏனென்றால் வங்கி அதில் குடியிருக்கப் போவதில்லை.

என் அக்கா மகன் குடியிருக்கப் போகிறவன். இடித்துக் கட்டக் கையில் காசும் இல்லை. 2019-இல் வந்த கட்டட விதிகளில் தளப்பரப்புக் குறியீடு, அதாவது மனையின் அளவைப் போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்கிற கணக்கு, ஒன்றரையிலிருந்து இரண்டாகிவிட்டது, ஆகவே 2400 சதுர அடி கட்டலாம் என்று யாரோ அவனுக்குக் கணக்குச் சொல்லியிருக்கிறார்கள். காகிதத்தில் சரி. 20 அடி முகப்பில் சுற்றுவர இடம் விட்டு, வண்டி நிறுத்த இடம் விட்டு, மாடிப்படி வைத்த பிறகு என்ன மிஞ்சும் என்பதைச் சொல்ல ஆள் இல்லை. இடிக்கிற அன்றைக்கு இருபக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் சுவரைக் காப்பாற்றச் சொல்லி வந்து நிற்பார்கள், அது வேறு.

எனவே அண்ணாந்து பார்த்தேன். மெட்ராஸ் டெரஸ். இளைய நேயர்கள் பலர் பார்த்திருக்க மாட்டீர்கள். சுவருக்குச் சுவர் தேக்குக் கட்டைகளை ஒன்றரை அடிக்கு ஒன்றாகப் போட்டு, அவற்றின் மேல் ஒரு இன்ச் கனமுள்ள சின்னச் செங்கற்களை நிறுத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்பில் அடுக்குவார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து கொட்டி, ஆட்கள் வரிசையாக உட்கார்ந்து மரக்கட்டையால் நாள்கணக்கில் தட்டுவார்கள். கடுக்காய் ஊறவைத்த தண்ணீரும் வெல்லமும் தெளிப்பார்கள். கடைசியில் தட்டோடு, அதாவது தட்டையான ஓடு, பதிப்பார்கள். வெயில் காலத்தில் இந்தக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தவன் கான்கிரீட் வீட்டுக்குத் திரும்பிப் போக மனசு வராமல் எழுந்திருப்பான்.

இந்தக் கூரையில் கட்டையின் நடுப்பகுதி எப்போதும் அழகாகத்தான் இருக்கும். வார்னிஷ் வேறு அடித்திருப்பார்கள். நோய் வருவது தலைமாட்டில், அதாவது கட்டை சுவருக்குள் நுழைகிற இடத்தில். சுவர் ஈரத்தை அந்தத் தலைதான் குடிக்கிறது, கரையானும் அந்த வழியாகத்தான் ஏறுகிறது. ஏணி போட்டு ஒவ்வொரு கட்டையாகத் தட்டிக்கொண்டு போனேன். கூடத்தில் பதினோரு கட்டை. பத்து கணீரென்று இருந்தன. சமையலறை பக்கத்துக் கடைசிக் கட்டை மட்டும் பொத்துப் பொத்தென்றது. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரை உள்ளே போய்விட்டது. மாடிக்குப் போய்ப் பார்த்தால் நேர் மேலே தண்ணீர் டாங்க். வழிகிற தண்ணீர் பல வருஷமாக அங்கேயே இறங்கியிருக்கிறது. ஒரு கட்டையை மாற்றலாம், ஆகாத காரியம் இல்லை. ஆனால் மெட்ராஸ் டெரஸ் தெரிந்த கொத்தனார் இன்றைக்கு எத்தனை பேர்? அவரைத் தேடுவதும் செலவில் சேர்த்தி.

ஒரு நல்ல காரியம், அந்த வீட்டில் யாரும் தட்டோட்டுக்கு மேல் சிமெண்ட் போட்டு டைல்ஸ் ஒட்டியிருக்கவில்லை. அப்படிச் செய்த வீடு என்றால் நான் அங்கேயே விலையைக் குறைத்துக் கேட்பேன். கூரைக்குப் பாரம் ஏறும், ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியாமல் போகும்.

பின்பக்கத்துக் குளியலறை கதை வேறு. அறுபத்தைந்து வருஷம் தாண்டின தேக்கு நிற்கிறது, நாற்பது வருஷத்துக் கான்கிரீட் காரை பெயர்ந்து கம்பி துருவோடு பல்லிளிக்கிறது. அதை இடிக்கத்தான் வேண்டும் என்று அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன்.

இனிச் சுவர். விற்கிற பாட்டிக்கு எண்பது வயதிருக்கும். தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குக் கூடத்துச் சுவர் முழுக்கப் புது டைல்ஸ். "அழகா இருக்கட்டும்னு பசங்க போட்டாங்க" என்றார். கூடத்தில் மூன்றடிக்கு டைல்ஸ் பார்த்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தலாமா பாட்டி என்று கேட்டேன். பீரோவுக்குப் பின்னால் டைல்ஸ் இல்லை, செலவை மிச்சம் பிடித்திருக்கிறார்கள். அங்கே சுவர் தன் நிஜ முகத்தோடு நின்றது. சுண்ணாம்பு உதிர்ந்து, பஞ்சு ஒட்டினாற்போல் உப்புப் பூத்து, தொட்டால் விரலில் மாவாக வந்தது. ஓதம்.

அந்தக் காலச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் எழும்பியது. தரையிலிருந்து ஏறுகிற ஈரத்தைப் பூச்சு வழியாகவே வெளியே விட்டுவிடும். அதன் மேல் சிமெண்ட் பூசியோ டைல்ஸ் ஒட்டியோ அடைத்தால் ஈரம் வேறு வழியில்லாமல் மேலே ஏறும். மூன்றடியில் நின்றது நாலடிக்கு, ஐந்தடிக்கு. விட்டால் கட்டையின் தலைமாடு வரைக்கும். டைல்ஸை உரித்துவிட்டுச் சுண்ணாம்பே பூசு என்று சொன்னால் அக்கா மகனின் மனைவி என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள். "புதுசா ஒட்டின டைல்ஸை எதுக்கு மாமா உடைக்கணும்?" அவளைக் குறை சொல்ல மாட்டேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

பேச்சோடு பேச்சாகப் பாட்டி ஒன்று சொன்னார். "நான் கல்யாணம் ஆகி வந்தப்ப மூணு படி ஏறி உள்ள வந்தேன். இப்ப பேரன் ரோட்டுலேர்ந்து இறங்கி வரான்."

நான் எழுதிக்கொண்டது இதைத்தான். தார் போடும் ஒவ்வொரு முறையும் பழையதைச் சுரண்டாமல் மேலேயே போட்டால் தெரு வளரும், வீடு வளராது. கொத்தனார்கள் வைத்திருப்பார்களே தண்ணீர் நிரப்பின பிளாஸ்டிக் டியூப், அதைப் பிடித்துப் பார்த்தேன். தெருவின் நடு, கூடத்துத் தரையைவிட ஏழு இன்ச் மேலே. வாசலில் ஒரு அடிக்குக் குட்டைச் சுவர் மாதிரித் தடுப்புக் கட்டித் தாண்டிப் போகிறார்கள். ரேழிக் கதவில் 2015 வெள்ளத்தின் கோடு வார்னிஷுக்கு அடியில் இன்னும் தெரிந்தது. என் முழங்கால் உயரம்.

இப்போது ஜாக்கி வைத்து வீட்டையே தூக்குகிறார்கள், தெரியும். அதைத்தான் அவனும் கேட்டான். இருபுறமும் பொதுச்சுவர் இருக்கிற வீட்டை எப்படித் தூக்குவது? பக்கத்து வீட்டையும் சேர்த்தா? தரையை மட்டும் உயர்த்தலாம். கூடத்தின் உயரம் பத்தரை அடி. ஒன்றே கால் அடி மண் போட்டு ஏற்றினாலும் ஒன்பதடிக்கு மேல் மிஞ்சும். கதவுகளை வெட்டக் கூடாது, நிலையோடு பெயர்த்து உயர்த்த வேண்டும். பழைய வீட்டின் கூரை உயரமாக இருப்பதில் இப்படியும் ஒரு லாபம்.

தெரு உயர்ந்தால் சாக்கடையும் எதிர்த்து வரும். பெருமழையில் வாசல் வழியாகத் தண்ணீர் வருவதற்கு முன்னால் கழிவறை வழியாக வந்துவிடும். அங்கே தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கிற வால்வு ஒன்று போட்டே ஆகவேண்டும். கிணறு நல்ல கிணறு, ஆடியிலும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது மாடித் தண்ணீரைக் கிணற்றில் விட்டிருக்கிறார்கள், குழாய் இன்னும் அடைக்காமல் இருக்கிறது. வயரிங் மரக்கட்டை மேல் ஓடுகிற பழைய வயரிங், எர்த் கிடையாது. முழுக்க மாற்றுவது தவிர வேறு யோசனை வேண்டாம்.

காகிதத்துக்கு வருகிறேன். நான் வக்கீல் இல்லை, ஆனால் டேப் பிடிக்கிறவனுக்கும் பத்திரம் படிக்கத் தெரிய வேண்டும். பத்திரத்தில் 1200 சதுர அடி. அளந்தால் 1146. பின்னால் யாரோ சுவரை இந்தப் பக்கம் தள்ளிக் கட்டியிருக்கிறார்கள். விலையை இருக்கிற அடிக்குத்தான் பேச வேண்டும், எழுத்தில் இருக்கிற அடிக்கு அல்ல. மயிலாப்பூர், திருவல்லிக்கேணி பக்கம் என்றால் மனை கோயிலுடையதா என்பதுதான் என் முதல் கேள்வியாக இருக்கும். வீடு ஒருவருக்கு, மண் சாமிக்கு என்று இருக்கிற வீடுகள் அங்கே நிறைய. இங்கே அந்தத் தொல்லை இல்லை.

தொல்லை வேறு இடத்தில் இருந்தது. வீடு தாத்தா சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. உயில் எழுதாமல் போய்விட்டார். பாட்டி, இரண்டு மகன்கள், ஒரு மகள். "பொண்ணுக்கு அப்பவே நகை, சீர் எல்லாம் செஞ்சாச்சு சார். பசங்க ரெண்டு பேரும் கையெழுத்துப் போடறாங்க" என்றார் புரோக்கர். 1956-இல் வந்த இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே இப்படிப்பட்ட சொத்தில் மகளுக்கும் மகனுக்குச் சமமான பங்கு. சீர் செய்ததெல்லாம் பங்கில் கழியாது. நாலில் ஒரு பங்கு அந்த அம்மாளுடையது. அவர் இருப்பது நியூ ஜெர்சியில். வர முடியாவிட்டால், தனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்துப் போட அதிகாரம் தரும் பவர் பத்திரத்துக்கு அந்தப் பகுதிக்கான இந்தியத் துணைத் தூதரகத்தில் சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இங்கே வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். அது கைக்கு வருகிறவரை ஒரு ரூபாய் அட்வான்ஸ் கொடுக்காதே என்றேன். புரோக்கருக்கு என் மேல் கோபம். அன்றைக்குக் காபிகூட வாங்கித் தரவில்லை.

ஒரு கட்டை, குளியலறை, தரை உயர்த்த, வயரிங், வால்வு, பூச்சு எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதிக் கூட்டினேன். அதோடு பத்திரச் செலவு, முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்த்து ஒன்பது சதவீதம். பலர் இதை மறந்துவிட்டுக் கடைசி வாரத்தில் நகையை அடகு வைக்கிறார்கள். அந்தக் காகிதத்தை அவன் கையில் கொடுத்து, "இதைக் காட்டி விலை பேசு, கட்டடத்தைப் பழிக்காதே, பாட்டி காதில் விழும்" என்றேன். அப்படியே பேசியிருக்கிறான். மகன்கள் இறங்கி வந்தார்கள். எவ்வளவு என்பது அவர்கள் குடும்ப விஷயம்.

வாங்கலாமா கூடாதா என்று மட்டும் அவன் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தான். வாங்கலாம், ஆனால் ஐப்பசி கார்த்திகையில் ஒரு நல்ல மழை பெய்கிற ராத்திரி போய்ப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடு என்று சொல்லி வைத்திருந்தேன். பவர் பத்திரம் இன்னும் வரவில்லை. போன வாரம் விடிய விடியக் கொட்டியதே, அன்று ராத்திரி பதினொன்றரைக்குப் போன் அடித்தது. குடைக்குள்ளிருந்து கத்துகிறான். தெருவில் கணுக்காலுக்கு மேல் தண்ணீர், பாட்டி டார்ச் அடித்துக் காட்டுகிறாராம், இவன் ஸ்கேலை வாசல் தடுப்பில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறான்.

"இன்னும் ரெண்டு இன்ச் இருக்கு மாமா."

பின்பக்கம் போய்க் கழிவறையைப் பார்த்துவிட்டுச் சொல் என்றேன்.