151 எக்ஸ்பி மிச்சம்! புதுத் தம்பியை அட்டாக் 40-க்கு ஏற்றும் கதை

வணக்கம் மக்களே. இந்த வாரம் கரம்ஜா மீன்பிடி வீடியோ போடுவதாகச் சொல்லியிருந்தேன். அது அடுத்த வாரம் வரும், கோபப்படாதீர்கள். இந்த வாரம் முழுக்க ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற ஆன்லைன் விளையாட்டில் எனக்கு ஒரே வேலைதான். நம் கூட்டத்தில் புதிதாக ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான். போனில்தான் விளையாடுகிறான், மெம்பர்ஷிப் கட்டியாகிவிட்டது, ஆனால் காம்பாட் லெவல், அதாவது சண்டை லெவல், வெறும் 3. "அக்கா, எப்படி அக்கா சீக்கிரம் ஏறுவது?" என்று கேட்டான். அதற்கான பதில்தான் இந்த வீடியோ.

முதலில் ஒரு எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு மேற்கொண்டு பேச்சு வராது. லம்பிரிட்ஜ் கோட்டைக்குப் பக்கத்தில் மாட்டுத் தொழுவம் இருக்கிறது அல்லவா? தம்பி அங்கே நின்று மாடு அடித்துக்கொண்டிருந்தான். காம்பாட் லெவல் 100-ஐத் தாண்டிய ஒருவர் வந்தார். "நான் உதவுகிறேன் ப்ரோ" என்று சொல்லிவிட்டு, அந்த வேலிக்குள் இருந்த மாடுகளையெல்லாம் ஆளுக்கு முன்னால் ஓடி ஓடி ஒரே அடியில் சாய்த்தார். தம்பியும் பாவம், நன்றி நன்றி என்று தட்டிக்கொண்டே இருந்தான். இதில் அவனுக்குக் கிடைத்தது சுத்தமாக ஒன்றுமில்லை!

இந்த விளையாட்டில் எக்ஸ்பி, அதாவது லெவல் ஏற்றும் அனுபவப் புள்ளி, யார் அடித்தார்களோ அவர்களுக்குத்தான். ஒரு புள்ளி சேதத்துக்கு 4 எக்ஸ்பி, அவ்வளவுதான் கணக்கு. கூட்டமாக நின்றால் பங்கு பிரிந்து வரும் என்ற பேச்சே இங்கே கிடையாது. வேறு ஆன்லைன் கேம்களில் பெரிய லெவல் ஆள் அடிக்க, சின்னவர் பின்னால் நின்றாலே லெவல் ஏறும். அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவந்தால், பந்தியில் பக்கத்து இலை வடையை எடுத்துத் தின்றுவிட்டு "உனக்குச் சாப்பிட உதவி செய்தேன்" என்று சொல்வது மாதிரி ஆகிவிடும். தயவுசெய்து புது ஆட்கள் அடிக்கிற மாட்டில் கை வைக்காதீர்கள். எனக்கு இது சுத்தமாகப் பிடிக்காது, பழைய வீடியோக்களிலும் கத்தியிருக்கிறேன்.

சரி. மாடு அடிப்பதே நல்ல வழியா என்றால் அதுவும் இல்லை. ஒரு மாட்டுக்கு 8 ஹிட்பாயிண்ட்ஸ், அதாவது உயிர்ப் புள்ளிகள். அப்படியானால் ஒரு மாட்டுக்கு 32 எக்ஸ்பி. இப்போது வாட்டர்ஃபால் என்ற குவெஸ்ட்டை, அதாவது கதையோடு வரும் பணியை, எடுத்துக்கொள்ளுங்கள். அதை முடித்தால் அட்டாக், ஸ்டிரெங்த் என்ற இரண்டு சண்டைத் திறமைகளிலும் ஆளுக்கு 13,750 எக்ஸ்பி. லெவல் 30-க்கு வேண்டியது 13,363 தான். அதாவது லெவல் 1-இல் இருப்பவர் ஒரே குவெஸ்ட்டில் இரண்டிலும் 30-க்குப் போய் நிற்கலாம். இதே அட்டாக் எக்ஸ்பியை மாட்டில் எடுக்க 430 மாடு அடிக்க வேண்டும். ஸ்டிரெங்த்துக்கு இன்னொரு 430. கணக்குப் போட்டுக் காட்டியதும் தம்பி தொழுவத்தை விட்டு உடனே வெளியே வந்துவிட்டான்.

இதைப் புது ஆட்கள் ஆரம்பத்திலேயே செய்ய வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. குவெஸ்ட் தருகிற எக்ஸ்பி மாறாது. ஆனால் லெவலுக்கு வேண்டிய எக்ஸ்பி ஏறிக்கொண்டே போகும். 99-க்கு 1 கோடியே 30 லட்சத்துக்கு மேல் வேண்டும், அதில் பாதி தூரம் எதுவென்று பார்த்தால் லெவல் 92! அந்த உயரத்தில் நிற்பவருக்கு 13,750 கிடைத்தால் பார் கூட நகராது. லெவல் 1-இல் இருப்பவருக்கு அது புதையல்.

இந்த குவெஸ்ட்டுக்கு சண்டைத் திறமை எதுவும் கேட்கமாட்டார்கள். ஒரு எதிரியைக்கூடக் கொல்ல வேண்டியதில்லை. ஆனால் ராட்சதர்களைத் தாண்டி ஓட வேண்டும், அங்கேதான் கூட ஒரு ஆள் தேவை. அதற்கு முன்னால் கயிறு.

கயிற்றைப் பற்றிக் கொஞ்சம் பேசியே ஆகவேண்டும். குவெஸ்ட்டுக்கு ஒரே ஒரு கயிறு போதும். தம்பி அதை வாங்க நேராக கிராண்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற சந்தைக்குக் கிளம்பிவிட்டான். நில் என்றேன். ட்ரேனர் கிராமத்தில் நெட் என்று ஒரு வயதானவர் இருக்கிறார், லம்பிரிட்ஜிலிருந்து மேற்கே நடக்கிற தூரம்தான். அவரிடம் கயிறு 15 காசு. அதுகூட வேண்டாம், நாலு உருண்டை கம்பளி நூல் கொடுத்தால் அவரே கயிறு திரித்துக் கொடுப்பார். கம்பளி எங்கே? லம்பிரிட்ஜுக்கு வடக்கே பண்ணையில் ஆடுகள் நிற்கின்றன, கத்தரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். நூற்கிற ராட்டை லம்பிரிட்ஜ் கோட்டையிலேயே மாடியில் இருக்கிறது. ஒவ்வொரு உருண்டைக்கும் கிராஃப்டிங் என்ற கைவினைத் திறமையில் 2.5 எக்ஸ்பி. ஆக கயிறும் இலவசம், கூடவே 10 எக்ஸ்பி. "15 காசுக்காக இவ்வளவு தூரமா அக்கா?" என்று கேட்டான். ஆமாம், அவ்வளவு தூரம்தான். பையில் ஒன்றுமில்லாமல் ஆரம்பிக்கிற ஆளுக்கு 15 காசு பெரிய காசு. அவன் ஆட்டின் கம்பளியை வெட்டி, மாடியேறி நூற்று, நெட்டிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கயிற்றைக் கையில் வாங்கிய அந்த ஸ்கிரீன்ஷாட்டை இப்போது திரையில் போடுகிறேன் பாருங்கள். எனக்கு இந்த வாரத்திலேயே ரொம்பப் பிடித்த படம் இதுதான். நான் என் பேங்கிலிருந்து ஒரு கயிறு எடுத்துக் கொடுத்திருக்கலாம். கொடுத்திருந்தால் ராட்டை எங்கே இருக்கிறது என்று அவனுக்கு எப்போது தெரியும்?

அப்படியானால் நான் எதுவுமே கொடுக்கவில்லையா என்றால், மூன்று பொருள் கொடுத்தேன். ஒன்று, கேம்ஸ் நெக்லஸ், ஆளை நொடியில் வேறு இடத்துக்குக் கொண்டுபோகும் மாலை. அதைப் போட்டு பார்பேரியன் அவுட்போஸ்ட்டில் இறங்கினால் குவெஸ்ட் நடக்கிற பாக்ஸ்டோரியன் அருவி பக்கத்திலேயே. நடக்கிற நேரம் மிச்சம். இரண்டு, லாப்ஸ்டர். என் ஆஸ்தான சாப்பாடு உங்களுக்கே தெரியும். ஒரு லாப்ஸ்டர் 12 ஏற்றும், தம்பியின் மொத்த ஹிட்பாயிண்ட்ஸே 10. அதனால் அதற்கு மேலே விலை உள்ள மீன் எதுவும் வேண்டாம். மூன்றாவது ரூன்கள், அதாவது மந்திரக் கற்கள். காற்று 6, நீர் 6, மண் 6. மூன்றிலும் ஆறாறு, ஒன்று குறைந்தாலும் கடைசி அறையிலிருந்து திரும்பி வரவேண்டியதுதான்.

குவெஸ்ட்டை முழுக்கச் சொல்லமாட்டேன், விளையாடிப் பாருங்கள். அல்மேரா என்ற அம்மாவிடம் பேசி, தோணியில் ஏறி, கயிற்றைப் பாறையில் வீசி, அப்புறம் மரத்தில் கட்டி இறங்குகிற இடமெல்லாம் அழகு. அட, ஒன்றை விட்டுவிட்டேன். அல்மேரா வீட்டுக்குத் தெற்கே ஹாட்லி வீடு இருக்கிறது. அங்கே மாடியில் புத்தக அலமாரியில் பாக்ஸ்டோரியன் பற்றிய புத்தகம் ஒன்று கிடைக்கும். எடுத்தால் மட்டும் போதாது, திறந்து படிக்க வேண்டும். பலர் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விடுகிறார்கள்.

அப்புறம் கோல்ரி என்ற நோமிடம் (நோம் என்பது இந்த விளையாட்டில் குட்டி மனிதர் இனம்) ஒரு கூழாங்கல் வாங்கி, கிளாரியல் ராணியின் கல்லறைக்குப் போக வேண்டும். அந்தக் கல்லறைக்குள் ஆயுதமோ கவசமோ கொண்டுபோக முடியாது. தம்பி கையில் ஒன்றும் இல்லை, உடம்பில் ஒன்றும் இல்லை, ஆனாலும் உள்ளே விடவில்லை. ஒரு சுற்று, இரண்டு சுற்று, கல்லைப் போட்டுப் போட்டுப் பார்க்கிறான். பையைத் திரையில் காட்டச் சொன்னேன். கடைசி வரிசையில், லாப்ஸ்டர்களுக்கு நடுவில், புது ஆட்கள் பழகுகிற டுட்டோரியல் தீவில் கொடுத்த வெண்கல டாகர்! அந்தச் சின்னக் கத்திக்கு அவ்வளவு ஆர்ப்பாட்டம். ரூன்களையும் அங்கே எடுத்துப் போகாதீர்கள், முதலில் கல்லறை, திரும்பி வந்து பேங்க், அப்புறம் ரூன் என்று வைத்துக்கொண்டால் தலைவலி இல்லை. உள்ளே மாஸ் ஜயன்ட் என்ற ராட்சதர்கள் உலாவும், நிற்காமல் ஓடி தாயத்தையும் அஸ்தி வைத்த குடத்தையும் எடுத்துக்கொண்டு வரவேண்டும்.

இனி அருவிக்குள். கதவைத் திறக்கும்போது அந்தத் தாயத்து கழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் அடித்துக்கொண்டு போய்விடும். உள்ளே ஃபயர் ஜயன்ட் என்ற நெருப்பு ராட்சதர்கள், லெவல் 86. அவற்றின் பெரிய அடி 11. தம்பியிடம் இருப்பது 10. கணக்கு புரிகிறதா? ஒரே அடியில் ஆள் காலி, லாப்ஸ்டர் தின்னக்கூட நேரம் இருக்காது. சாவி இருக்கிற பெட்டி அவை நிற்கிற அறையிலேயேதான் இருக்கிறது. இங்கேதான் நான் உதவிக்குப் போனேன். என்னிடமும் அந்தத் தாயத்து இருக்கிறது, நான் முன்னால் போய் ராட்சதனை அடித்து என் மேல் இழுத்துக்கொண்டேன். அவன் என்னையே அடித்துக்கொண்டிருக்கிற நேரத்தில் தம்பி ஓரமாக ஓடி, பெட்டியைத் துழாவி, சாவியோடு வெளியே. நான் தம்பியுடைய எக்ஸ்பி எதையும் எடுக்கவில்லை, அவனுக்கு விழ வேண்டிய அடியைத்தான் வாங்கிக்கொண்டேன். பெரிய லெவல் ஆட்கள் செய்யக்கூடிய உருப்படியான உதவி இதுதான் என்பேன்.

கடைசி அறையில் ஆறு தூண்கள், ஒவ்வொன்றிலும் மூன்று ரூனும் வைத்து, தாயத்தைச் சிலைக்குப் போட வேண்டும். அப்புறம் அந்தக் கிண்ணம். கிண்ணத்தைத் தொட்டுவிடாதே, குடத்தைத்தான் கிண்ணத்தில் பயன்படுத்த வேண்டும் என்று நான் கத்திக்கொண்டே இருந்தேன். ஆசைப்பட்டுப் புதையலில் கை வைத்தால் அறையே வெள்ளமாகி ஆளை வெளியே தள்ளிவிடும். போன் திரையில் விரல் தவறுகிற ஆபத்து வேறு. தம்பி மெதுவாக, குடத்தை அழுத்தி, கிண்ணத்தை அழுத்தி... முடிந்தது! இரண்டு திறமையிலும் வாணவேடிக்கை மேலே மேலே போகிறது. இரண்டு வைரம், இரண்டு தங்கக்கட்டியும் கூட. அவன் ஒரு நிமிடம் ஒன்றுமே தட்டவில்லை. அப்புறம் "அக்கா 30" என்று மட்டும் வந்தது.

அட்டாக் 30 என்றால் உடனே அடமன்ட் ஸிமிட்டர், அதாவது அடமன்ட் உலோகத்து வளைந்த வாள், பிடிக்கலாம். அயர்ன், ஸ்டீல், மித்ரில் எல்லாவற்றையும் தாண்டியாகிவிட்டது. அவனுக்கு இரண்டு கைப் பெரிய வாள்தான் ஆசை, பார்க்கக் கம்பீரமாக இருக்கிறதாம். வேண்டவே வேண்டாம். ஸிமிட்டர் 2.4 விநாடிக்கு ஒரு முறை வீசும், அந்தப் பெரிய வாள் 4.2 விநாடிக்கு ஒரு முறை. லெவல் ஏற்றுவதற்கு அந்த வாளைத் தூக்கிக்கொண்டு திரிபவர்களைப் பார்த்தால் எனக்கு மனசே ஆறுவதில்லை.

இப்போது என் சந்தோஷத்துக்கு வருகிறேன். வாட்டர்ஃபாலுக்கு அடுத்து ஃபைட் அரீனா குவெஸ்ட், அதில் அட்டாக் எக்ஸ்பி 12,175. அதுவும் நேற்று ராத்திரி முடிந்துவிட்டது. எதிரி கிட்டே வரமுடியாத இடத்தில் நின்று, தூரத்திலிருந்து அம்பு விட்டு முடித்தான், கடைசி நாய் பௌன்சர் லெவல் 137, ரொம்ப நேரம் எடுத்தது, ஆனால் முடித்தான். மூன்றாவது ட்ரீ நோம் வில்லேஜ், அதில் 11,450. மூன்றையும் கூட்டுங்கள். 13,750, 12,175, 11,450. மொத்தம் 37,375. லெவல் 40-க்கு வேண்டியது எவ்வளவு தெரியுமா? 37,224! வெறும் 151 மிச்சம். மாட்டில் ஒரு எக்ஸ்பிகூட எடுக்காதவர்கூட மூன்றே குவெஸ்ட்டில் அட்டாக் 40-க்கு வந்து ரூன் உலோகத்து ஸிமிட்டர் பிடிக்கலாம். யாரோ உட்கார்ந்து அளந்து வைத்த மாதிரி இல்லையா? நான் கால்குலேட்டரில் திரும்பத் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ஐந்து மாடு. 151 எக்ஸ்பி என்பது ஐந்து மாட்டுக்கும் கொஞ்சம் குறைவு. அந்த இடைவெளியில் சரியாகப் போய் உட்காருகிறது.

வார்லமோர் என்ற பகுதியில் திருப்பி அடிக்காத பெரிய நண்டு ஒன்று வந்திருக்கிறதே, அதன் முன்னால் நிறுத்திவிட்டால் தானாக ஏறுமே என்று கேட்பீர்கள். ஏறும். பின்னால் அங்கேயும் போகட்டும், தடுக்கமாட்டேன். ஆனால் முதல் வாரத்திலேயே புது ஆளை அங்கே நிறுத்தினால் அவன் பார்க்கப் போவது ஒரு நண்டை மட்டும்தான். இந்தத் தம்பிக்கு இப்போது ராட்டை தெரியும், அருவி தெரியும், பையின் கடைசி வரிசையைப் பார்க்கவும் தெரியும். இன்னொன்று, கணக்கைக் கொடு, நான் ஏற்றித் தருகிறேன் என்று யார் சொன்னாலும் பாஸ்வேர்டைக் கொடுத்துவிடாதீர்கள். விதிப்படியும் தப்பு, கணக்கும் போய்விடும்.

இன்று ராத்திரி ட்ரீ நோம் வில்லேஜ். அந்த வேலிப் புதிர்வழி எனக்கு ஜென்ம விரோதி, ஆனாலும் கூட வருகிறேன். தம்பி, இதைப் பார்த்துக்கொண்டிருந்தால் கேட்டுக்கொள். அங்கே தளபதி மாண்டாய் ஆறு மரக்கட்டை கேட்பார். வெட்டி பேங்கில் போட்டு வை, காசு கொடுத்து வாங்காதே. ரூன் ஸிமிட்டர் என்னிடம் தயாராக இருக்கிறது. ஒன்பது மணிக்கு வந்துவிடு.