பெர்ல் ஹார்பருக்குக் கப்பல் எப்படி வந்தது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். உலகத்துக்கே தலைமை தாங்கும் எண்ணம் அமெரிக்காவுக்குத் தொடக்கத்திலிருந்தே இருந்ததா, உலகப் போர்கள் கொண்டுவந்து சேர்த்ததா என்பது தலைப்பு. தொடக்கத்திலிருந்தே இருந்தது என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர் உருக்கமாகப் பேசினார். அமெரிக்கா தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்ததாம். 1941 டிசம்பர் 7 அன்று ஜப்பான் பெர்ல் ஹார்பரில் குண்டு போட்டதாம். அப்புறம்தான் வேறு வழியில்லாமல் உலக விவகாரத்துக்குள் வந்ததாம். கைதட்டல் விழுந்தது. நானும் தட்டினேன். தட்டிக்கொண்டே யோசித்தேன்: இந்த பெர்ல் ஹார்பர் எங்கே இருக்கிறது?

கலிபோர்னியாக் கரையிலிருந்து ஏறக்குறைய 3,800 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஹவாயில். ஜப்பான் செய்தது நியாயம் என்று நான் சொல்லவில்லை. நாளைக்கு யாரும் அப்படி எழுதிவிடாதீர்கள். என் கேள்வி வேறு. தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவருடைய போர்க்கப்பல்களுக்கு அவ்வளவு தூரத்தில் என்ன வேலை?

ஹவாய் அந்தக் காலத்தில் ஒரு தனி ராஜ்யம். 1875-இல் அதன் சர்க்கரைக்குச் சுங்கவரி இல்லை என்று அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. கரும்புத் தோட்ட முதலாளிகளில் பெரும்பாலோர் அமெரிக்க வம்சாவளியினர், கொழித்தார்கள். 1887-இல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, பெர்ல் ஹார்பரைத் தன் கப்பல்கள் மட்டும் பயன்படுத்தும் உரிமையை அமெரிக்கா எழுதி வாங்கிக்கொண்டது. 1893 ஜனவரியில் ராணி லிலியுகலானி, அரசுரிமைக்கு அதிகாரத்தை மீட்டுத் தரும் புதிய அரசியல் சட்டம் கொண்டுவரப் பார்த்தார். முதலாளிகள் கொதித்தார்கள். ஹொனலுலு துறைமுகத்தில் நின்ற 'பாஸ்டன்' என்ற அமெரிக்கப் போர்க்கப்பலிலிருந்து 162 பேர் ஆயுதத்தோடு கரையிறங்கினார்கள். ராணியின் ஆட்சி போயிற்று. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்று நம் ஊரில் சொல்வார்களே, அது ஹவாய்க்காகவே சொன்னது போல இருக்கிறது.

நியாயமாகப் பேச வேண்டும். அடுத்து வந்த ஜனாதிபதி கிளீவ்லாண்ட், இது தவறு என்று சொல்லி ஹவாயை இணைத்துக்கொள்ள மறுத்தார். மறுத்து என்ன? அவர் பதவியை விட்டுப் போனார், 1898-இல் இணைத்தாயிற்று. அதே ஆண்டு ஸ்பெயினோடு போர் நடத்தி, போர்ட்டோ ரிக்கோவும் குவாமும் கைக்கு வந்தன. பிலிப்பைன்ஸுக்கு 2 கோடி டாலர் கொடுத்தார்கள். அதையும் அங்கே வாழ்ந்தவர்களிடமா கொடுத்தார்கள்? ஸ்பெயினிடம்! முதல் உலகப் போர் தொடங்க அப்போது இன்னும் 16 ஆண்டு இருந்தது, நடுவர் அவர்களே.

1898 ஏதோ திடீர் ஆசை என்று எதிரணி சொல்லலாம். அதற்கும் பதில் வைத்திருக்கிறேன், கொஞ்சம் மூக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1856-இல் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆளில்லாத, வேறு எந்த அரசுக்கும் சொந்தமில்லாத தீவில் பறவை எச்சத்தை ஓர் அமெரிக்கக் குடிமகன் கண்டுபிடித்துக் கைக்கொண்டால், ஜனாதிபதி விரும்பினால் அந்தத் தீவு அமெரிக்காவைச் சேர்ந்தது. காவலுக்குப் படையையும் அனுப்பலாம். எச்சம் அந்தக் காலத்தில் அருமையான உரம். இந்தச் சட்டத்தைக் காட்டித்தான் பேக்கர், ஹவ்லண்ட், ஜார்விஸ் என்று பசிபிக் தீவுகளை வளைத்தார்கள். குருவி எச்சமிட்ட இடமெல்லாம் கொடி நட்டவர்களையா ஒதுங்கி இருந்தவர்கள் என்கிறீர்கள்?

எங்கள் அணித் தலைவர் 1630-ஐ எடுத்துக்கொண்டார். 'நாம் மலைமேல் இருக்கும் நகரம், உலகத்தின் கண்கள் நம்மேல்' என்று குடியேறிகளின் தலைவர் ஜான் வின்த்ரப் சொன்னதை உணர்ச்சியோடு சொன்னார். அவர் கோபித்துக்கொண்டாலும் சரி, எனக்கு அந்தச் சான்றில் பிடிப்பில்லை. அந்த உரை 1838 வரை அச்சேறவே இல்லை. நாட்டை நிறுவியவர்கள் அதைப் படித்துவிட்டா கிளம்பினார்கள்? எனக்கு, நாட்டை நிறுவியவர்களில் ஒருவரான ஜெபர்சன் போதும். 1780-இல், விடுதலைப் போர் இன்னும் முடியாதபோதே, 'சுதந்திரத்தின் பேரரசு' என்று கடிதத்தில் எழுதினார். நாடே இன்னும் உறுதியாகவில்லை, அதற்குள் பேரரசு! அவரே ஜனாதிபதியானதும், 1803-இல் லூசியானாவை பிரான்ஸிடம் 1.5 கோடி டாலருக்கு வாங்கி, நாட்டின் பரப்பைக் கிட்டத்தட்ட இரட்டிப்பாக்கினார். அந்த நிலத்தில் பரம்பரையாக வாழ்ந்த பழங்குடிகளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எதிரணித் தலைவி, அன்றைய வெளியுறவு அமைச்சர் ஜான் குவின்சி ஆடம்ஸின் 1821 உரையைக் காட்டினார். 'அழிப்பதற்கு அரக்கர்களைத் தேடி அமெரிக்கா வெளியே போகாது' என்ற அந்த வாசகம் அழகானதுதான். ஆனால் இரண்டே ஆண்டு கழித்து, இரண்டு அமெரிக்கக் கண்டங்களிலும் ஐரோப்பியர் இனிக் குடியேற்றம் அமைக்கக் கூடாது என்ற, ஜனாதிபதி மன்றோ அறிவித்த கொள்கையை வடித்ததில் பெரிய பங்கு யாருக்கு? அதே ஆடம்ஸுக்கு! அதைக் காப்பாற்ற அன்றைக்கு அமெரிக்காவிடம் போதிய கடற்படைகூட இல்லை. பிரிட்டனின் கப்பல்கள்தான் மற்றவர்களைத் தள்ளி நிறுத்தின. அண்ணன் கையில் கம்பு, தம்பி வாயில் சவடால். எங்கள் வாதமே அதுதான்: எண்ணம் முதலில் வந்தது, பலம் பின்னால் வந்தது. உலகப் போர்கள் கொடுத்தது பலத்தை.

இரண்டு போர்களுக்கும் நடுவே ஒதுங்கித்தானே இருந்தார்கள், முதல் போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த சர்வதேசச் சங்கத்தில்கூடச் சேரவில்லையே என்றார்கள் எதிரணியினர். ஐரோப்பாவிடமிருந்து ஒதுங்கினார்கள், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கரீபியன் கடலில் இருக்கும் ஹைத்தியில் 1915 முதல் 1934 வரை அமெரிக்கப் படை இருந்ததே, அது என்ன, சுற்றுலாவா?

எழுத்தாளர் மார்க் ட்வைன் போன்றவர்கள் 'ஏகாதிபத்திய எதிர்ப்புச் சங்கம்' என்ற அமைப்பில் சேர்ந்து பிலிப்பைன்ஸைப் பிடிப்பதைக் கடுமையாக எதிர்த்தார்கள். அவர்களுக்கு என் வணக்கம். இல்லாத எண்ணத்தை எதிர்க்க ஏனய்யா ஒரு சங்கம்?

கடைசியாக ஒன்று. 'அமெரிக்க நூற்றாண்டு' என்ற தலைப்பில், உலகத் தலைமையை ஏற்கச் சொல்லி, ஹென்றி லூஸ் தன் 'லைஃப்' இதழில் எழுதியது 1941 பிப்ரவரியில். குண்டு விழுந்தது டிசம்பரில். முகூர்த்தத்துக்குப் பத்து மாதம் முன்னாலேயே பத்திரிகை அடித்தாயிற்று!

நடுவர் மணியில் கை வைத்துவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி அம்மா, ராணி லிலியுகலானியின் துறைமுகத்துக்கு அந்தக் கப்பல்கள் எப்படி வந்தன என்பதை முதலில் சொல்லிவிட்டு, அப்புறம் குண்டு விழுந்த கதைக்கு வரட்டும். நன்றி, வணக்கம்.